அவசர சிகிச்சைப் பிரிவில் செயற்கை நுண்ணறிவு: திண்டுக்கல் சமவெளியிலிருந்து ஒரு மதிப்பீடு

அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்து சேரும் நோயாளிகளுள் எவரை உடனே கவனிக்க வேண்டும், எவர் சற்றுப் பொறுக்கலாம் என்று பிரித்தறிவதே அங்கு நிகழும் முதல் மருத்துவச் செயலாகும். தமிழ்நாடு விபத்து மற்றும் அவசர சிகிச்சை முன்முயற்சித் திட்டத்தில் இப்பிரிப்பு சிவப்பு, மஞ்சள், பச்சை என்னும் நிறங்களால் குறிக்கப்படுகிறது. நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், மூச்சின் வேகம், நினைவு நிலை ஆகியவற்றைப் பார்த்துச் சில நிமிடங்களுக்குள் நிறம் முடிவாகிறது. செயற்கை நுண்ணறிவு, அதாவது முன்னர் வந்த பல்லாயிரம் நோயாளிகளின் பதிவுகளிலிருந்து பொதுத்தன்மைகளைக் கற்றுக்கொண்டு புதிய நோயாளியைப் பற்றிக் கணிப்புக் கூறும் கணினி நிரல், இன்று இம்முடிவுக்கும், இதற்கு முந்தைய தொலைபேசி அழைப்புக்கும், பிந்தைய ஸ்கேன் வாசிப்புக்கும் துணையாக உலகெங்கும் முன்வைக்கப்படுகிறது. இம்மூன்றையும் ஒரே தராசில் நிறுத்துவது பிழையான மதிப்பீட்டுக்கே இட்டுச் செல்லும்.

கரூரிலிருந்து வேடசந்தூர், திண்டுக்கல் வழியாக மதுரைக்குச் செல்லும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையும், பழனி, தேனி, திருச்சி ஆகிய திசைகளின் சாலைகளும் சந்திக்கும் ஊர் திண்டுக்கல் என்பதால், தலைக்காயம் இம்மாவட்டத்தின் அன்றாடக் கவலைகளுள் ஒன்றாக இருக்கிறது. 2022 ஜனவரி 12 அன்று தமிழ்நாட்டில் திறந்துவைக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளுள் திண்டுக்கல் கல்லூரியும் ஒன்று. அகரம், தாடிக்கொம்பு போன்ற சமவெளி ஊர்களிலிருந்து 108 ஊர்தியில் ஏற்றப்படும் நோயாளிக்கு அதன் மருத்துவமனையே அருகிலுள்ள பெரிய புகலிடம். அங்கும் தீராத நிலையில் ஏறத்தாழ 65 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மதுரை அரசு இராசாசி மருத்துவமனை அடுத்த படி. கணினிக் கணிப்பின் பயனை இந்தத் தொடரில் வைத்தே எடைபோட வேண்டும்.

ஸ்கேன் வாசிப்பில் சான்று வலுவாக உள்ளது. மும்பையின் கியூர்.ஏஐ நிறுவனத்தார் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட தலை சி.டி. படங்களைக் கொண்டு உருவாக்கிச் சோதித்த நிரலைப் பற்றி 2018இல் லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வில், மண்டையோட்டுக்குள் இரத்தக்கசிவைக் கண்டறியும் திறன் 0.94 என்னும் அளவை எட்டியது. இவ்வளவுகோலில் 1 என்பது பிழையற்ற பிரித்தறிதல், 0.5 என்பது குருட்டு ஊகம். பக்கவாதத்தில் இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நோய் தொடங்கி நான்கரை மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டும். ஆனால் மூளையில் இரத்தம் கசிந்திருந்தால் அதே ஊசி உயிரைப் பறித்துவிடும். ஆகவே நள்ளிரவில், கதிரியக்க மருத்துவர் அருகில் இல்லாத நேரத்தில், கசிவு இருக்கக்கூடிய படத்தை வரிசையின் முன்னே கொண்டுவந்து நிறுத்தும் கருவி மாவட்ட மருத்துவமனைக்கு மெய்யான உதவி. கேள்வி குறுகியது, விடை படத்திலேயே இருக்கிறது, சரிபார்க்க ஒரு மருத்துவர் பின்னால் வருகிறார் என்னும் மூன்று காரணங்களால் இதை ஏற்கத் தயங்க வேண்டியதில்லை.

தொலைபேசி அழைப்பில் நிலைமை வேறு. கோபன்ஹேகன் நகரின் அவசர அழைப்பு மையத்தில், பேச்சைக் கேட்டே இதயம் நின்றுபோனதை ஊகிக்கும் நிரல் ஆராயப்பட்டது. பழைய அழைப்புகள் 1,08,607ஐக் கேட்கச் செய்தபோது, பணியாளர்கள் 72.5 விழுக்காடு நேர்வுகளைக் கண்டுகொண்ட இடத்தில் நிரல் 84.1 விழுக்காட்டைக் கண்டது. பத்து விநாடி முந்தியும் சொன்னது. 2021இல் வெளிவந்த அடுத்த ஆய்வில், நடப்பு அழைப்புகளுள் ஒரு பகுதியில் பணியாளருக்கு நிரலின் எச்சரிக்கை காட்டப்பட்டது, மறு பகுதியில் காட்டப்படவில்லை. இதயம் நின்றுபோனதைப் பணியாளர் கண்டுகொள்வதில் இரு பகுதிகளுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் புலப்படவில்லை. கணிப்பு துல்லியமாக இருந்தும், அதைக் காதில் வாங்கிச் செயலாற்ற வேண்டிய மனிதரின் வேலை அதனால் மாறவில்லை. இத்துறையில் வெளிவந்த ஆய்வுகளுள் மிக அதிகமாகச் சிந்திக்கத் தக்கது இதுவே. விற்பனைக்கு வரும் ஒவ்வொரு கருவியிடமும் துல்லியக் கணக்கைக் கேட்பதோடு நில்லாமல், நோயாளிக்கு விளைந்த நன்மைக் கணக்கையும் கேட்க வேண்டும் என்பதை இது வற்புறுத்துகிறது.

இதன் மறுபக்கத்தைத் தமிழ்நாட்டிலேயே காணலாம். கடுமையான மாரடைப்பு நோயாளிகளுக்காக 2012 முதல் 2014 வரை இங்கு நடைபெற்ற ஆய்வில், சிறு மருத்துவமனைகளை இதய வடிகுழாய்க்கூட வசதியுள்ள பெரிய மருத்துவமனைகளோடு இணைத்து, இ.சி.ஜி.யைத் தொலைவிலிருந்தே அனுப்பிப் பார்க்கச் செய்து, 108 ஊர்தியையும் காப்பீட்டையும் அதனுடன் பிணைத்தனர். 2,420 நோயாளிகளைக் கொண்ட அவ்வாய்வில் ஓராண்டுக்குள் இறந்தோர் விகிதம் 17.6 விழுக்காட்டிலிருந்து 14.2 ஆகக் குறைந்தது. அங்கே கணிப்பு நிரல் எதுவும் நடுநாயகமாக இல்லை. செய்தி போய்ச் சேர்ந்த இடத்தில் அடுத்த சிகிச்சைக்கான கைகள் காத்திருந்தன.

நோய் முற்றுவதை முன்கூட்டிச் சொல்லும் நிரல்களே மிகுந்த எச்சரிக்கைக்கு உரியவை. தொற்றின் விளைவாக உறுப்புகள் செயலிழக்கும் செப்சிஸ் என்னும் நிலையைக் கணிக்க அமெரிக்க மருத்துவமனைகள் பலவற்றில் நிறுவப்பட்டிருந்த எபிக் நிறுவனத்தின் நிரலை, மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் தங்களிடம் அனுமதிக்கப்பட்ட 38,455 நேர்வுகளில் சோதித்து 2021இல் முடிவுகளை வெளியிட்டனர். நிரல் 67 விழுக்காடு செப்சிஸ் நேர்வுகளைத் தவறவிட்டது. ஆயினும் அனுமதிக்கப்பட்டோருள் 18 விழுக்காட்டினருக்கு எச்சரிக்கை எழுப்பியிருந்தது. ஓயாது ஒலிக்கும் எச்சரிக்கைக்குச் செவிலியரின் காது பழகிப்போனால், மெய்யான எச்சரிக்கையும் அந்த இரைச்சலில் கரைந்துவிடும்.

நிறப்பிரிப்பு நிரல்களை உருவாக்குவோர் பெரிதும் கையாளும் திறந்தநிலைத் தரவு, பாஸ்டன் நகரத்தின் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையிலிருந்து பெறப்பட்டது. அம்மருத்துவமனையின் நோயாளியும் திண்டுக்கல் சமவெளியின் நோயாளியும் ஒரே காரணங்களுக்காக வருவதில்லை. தரையில் பாய் விரித்துப் படுத்தவரைக் கட்டுவிரியன் இரவில் தீண்டினால் கடிவாயில் வலியோ வீக்கமோ தெரியாமல் போகலாம். விடியற்காலையில் வயிற்றுவலி என்று வருபவருக்கு இமைகள் சரியத் தொடங்கி, பின் மூச்சுத் தசைகளே செயலிழக்கின்றன. அரளி நச்சு உடலில் சேர்ந்தவருக்கு வரும்போது நாடி இயல்பாக இருந்து, பல மணி நேரம் கழித்து இதயத்துடிப்பு தாறுமாறாகலாம் என்பதால்தான் அவரை மருத்துவர்கள் கண்காணிப்பிலேயே வைக்கின்றனர். பூச்சிமருந்து நச்சில் சுருங்கிய கண்பாவையும் பெருகும் எச்சிலும் வியர்வையும் சேர்ந்து தரும் குறிப்பை இங்குள்ள மூத்த செவிலியர் வாசலிலேயே கண்டுகொள்வர். வந்த நேரத்து எண்களை மட்டும் வாங்கிக்கொண்டு, இத்தகைய நோயாளிகளை ஏறக்குறைய பார்த்தே இராத பதிவுகளில் பயின்ற நிரல், முதல் இருவருக்கும் பச்சை நிறம் கொடுக்கக்கூடும். அந்தப் பச்சையின் விலை ஓர் உயிர்.

கருவிக்குள் நுழையும் எண்ணே பிழைபடுவதும் உண்டு. விரலில் மாட்டி இரத்த ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிமீட்டர், கருந்தோலர்களிடம் மறைந்திருந்த ஆக்சிஜன் குறைவை வெள்ளையரைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாகத் தவறவிட்டதை 2020இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. தமிழ்நாட்டு நோயாளிகளின் நிறத்தை எண்ணிப் பார்த்தால் இது தொலைதூரச் செய்தியாகத் தோன்றாது.

இக்குறைகள் நீங்க வழி உண்டு. 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்கியதால், முன்பு கையெழுத்து ஏடுகளில் சிதறிக் கிடந்த விவரம் ஒழுங்காகத் திரள வாய்ப்பு ஏற்பட்டுள்ளது. நச்சு நேர்வுகளுக்கும் அத்தகைய பதிவு தேவை. எந்த நிறப்பிரிப்பு நிரலையும் வார்டில் இயக்கும் முன், அதன் கணிப்பை மருத்துவருக்குக் காட்டாமல் பின்னணியில் பல மாதம் ஓடவிட்டு, திண்டுக்கல் நோயாளிகளுக்கு மெய்யாக நேர்ந்தவற்றோடு ஒப்பிட்டு, தவறிய நேர்வுகளை மாவட்டத்தார் படிக்கும்படி வெளியிட வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2023இல் வகுத்த நெறிமுறைகள் மனிதக் கண்காணிப்பையும் பொறுப்பையும் வலியுறுத்துகின்றன. ஆனால் நிரல் பச்சை என்றதை நம்பி நோயாளியைக் காக்கவைத்த பயிற்சி மருத்துவர், நிரலை வாங்கிய நிர்வாகம், விற்ற நிறுவனம் ஆகிய மூவருள் எவர் விடை சொல்வது என்பதைக் கொள்முதல் ஒப்பந்தத்திலேயே எழுதி முடிக்காதவரை, விபத்துப் பதிவேட்டில் கையொப்பமிடும் இளையவர்மீதே அச்சுமை இறங்கும்.