வாகில்லாத காலின் வாத்தியார்

2024இல் ‘மைதான்’ படம் வந்ததிலிருந்து கால்பந்துப் பயிற்சியாளர் சையது அப்துல் ரஹீம் என்று பேச்செடுத்தாலே எல்லோரும் நேரே ஜகார்த்தாவுக்குப் போய்விடுகிறார்கள். 1962 செப்டம்பர் 4, ஆசிய விளையாட்டு இறுதி ஆட்டம், தென் கொரியா, 2-1, தலையில் கட்டோடு ஜர்னைல் சிங். எனக்கும் அந்த ஆட்டத்தின் மேல் தீராத ஆசை உண்டு. ஆனால் ரஹீமின் கைவேலை எங்கே தெரிகிறது என்று கேட்டால், ஹைதராபாத்தின் பள்ளிக்கூட மைதானங்களைத்தான் காட்டுவேன். படம் அவசரமாகத் தாண்டிப்போன இடம் அது. அந்த மனிதரே அங்கேதான் உருவானார்.

காச்சிகுடா நடுநிலைப் பள்ளி, உருது ஷரீஃப் பள்ளி, தாருல் உலூம் உயர்நிலைப் பள்ளி, சாதர்காட் உயர்நிலைப் பள்ளி. உஸ்மானியாவில் பட்டம் வாங்கிய கையோடு வகுப்பெடுக்கப் போனவர், பிறகு உடற்கல்வியிலும் டிப்ளமோ முடித்து, கடைசி இரண்டு பள்ளிகளில் விளையாட்டுப் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டார். 1943இல் ஹைதராபாத் கால்பந்துச் சங்கத்தின் செயலாளர். 1950இலிருந்து சிட்டி போலீஸ் அணியும் இந்திய அணியும் அவர் கையில். பதவிகள் மாறினாலும் கடைசிவரை அவர் வாத்தியாராகவே இருந்தார். அந்த வாத்தியார்தனம்தான் என்னை இழுக்கிறது.

அவர் நடத்திய பயிற்சிகளில் ஒன்றை மட்டும் சொல்லச் சொன்னால், வாகில்லாத காலால் மட்டும் ஆடும் போட்டியைச் சொல்வேன். வலக்கால்காரன் இடக்காலால்தான் பந்தைத் தொடவேண்டும், இடக்கால்காரனுக்கு வலது. எழுதும்போது ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. மைதானத்தில் அதற்குள் எவ்வளவு கிடக்கிறது பாருங்கள். இடது ஓரத்தில் பந்து வருகிறது. வலக்கால் மட்டும் பழகியவன் என்ன செய்வான்? உடம்பை ஒரு சுற்றுச் சுற்றி, பந்தை வலக்காலுக்கு மாற்றிக்கொண்டு, அதன் பிறகே அடிப்பான். அந்த ஒரு தொடுகை வீண். அதற்குள் எதிராளி வந்து நின்றுவிடுகிறான், கோல்கீப்பர் இடம் பிடித்துவிடுகிறான், முன்னால் ஓடியவன் ஆஃப்சைடில் மாட்டிக்கொள்கிறான். வாகில்லாத கால் பழகியவனுக்கு அந்த வீண் தொடுகையே கிடையாது. பந்து எந்தப் பக்கம் வந்தாலும் அதே மூச்சில் போய்விடும். ஹைதராபாத்காரர்களின் ஆட்டம் தரையோடு ஓடுகிற தண்ணீர் மாதிரி இருந்ததற்கு இங்கேதான் காரணம் தேடவேண்டும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பள்ளியின் நட்சத்திரப் பையனும் மாற்று ஆட்டக்காரனாக உட்கார்ந்திருக்கிற பையனும் அந்தப் போட்டியில் கிட்டத்தட்ட ஒரே தரத்துக்கு வந்துவிடுகிறார்கள். பெரியவன் தடுமாறுவதைச் சின்னவன் பார்க்கிறான். தனக்கும் கற்றுக்கொள்ள மிச்சமிருக்கிறது என்று பெரியவனுக்கு உறைக்கிறது. இப்படி ஒரு கேள்வித்தாளை வகுப்பறையில் வருஷக்கணக்கில் நின்றவரால்தான் தயாரிக்க முடியும்.

டிரிபிளிங் கூடாது என்ற விதியோடும் அவர் போட்டி வைத்தார். பந்து காலுக்கு வருமுன்பே தலையை நிமிர்த்தி அடுத்தவன் எங்கே என்று பார்த்து வைத்துக்கொள்ளாதவனுக்கு அதில் வேலையே இல்லை. இங்கே போர்ட் பிளேயரில் என் வங்காள நண்பர்கள் பலருக்கு இது பிடிப்பதில்லை. காலில் பந்தை ஒட்டவைத்துக்கொண்டு மூன்று பேரைத் தாண்டிப் போவதுதான் கால்பந்தின் அழகு, ரஹீம் அதை வெட்டி ஒட்டிச் சட்டத்துக்குள் அடைத்துவிட்டார் என்பது அவர்கள் கட்சி. அந்த அழகை நானும் மறுக்கவில்லை. ஆனால் ஜகார்த்தாவில் ரஹீமின் கேப்டன் யார்? சுனி கோஸ்வாமி. அந்தக் காலத்தில் அவரைவிட நேர்த்தியாக டிரிபிள் செய்தவர் யாரென்று அவர்களே சொல்லட்டும். அரையிறுதியில் தென் வியட்நாமை 3-2 என்று வென்றபோது அதில் இரண்டு கோல் சுனி அடித்தது. சுனியின் வித்தையில் ரஹீம் கை வைக்கவில்லை. எப்போது அதை எடுக்கவேண்டும், எப்போது பந்தை விட்டுவிட வேண்டும் என்ற கணக்கைத்தான் சொல்லிக்கொடுத்தார்.

நம் ஆட்களும் அவரிடம் உண்டு. தர்மலிங்கம் கண்ணன். வெலிங்டன் மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டருக்கு 1955இலும் 1958இலும் டூரண்ட் கோப்பை வாங்கிக்கொடுத்த பீட்டர் தங்கராஜ். செகந்திராபாத்துக்கு அருகே அம்முகுடாவில் வளர்ந்த துளசிதாஸ் பலராம். ரஹீம் கண்ணில் பட்டபோது பலராமுக்குப் பயிற்சிக்கு வந்துபோக வழியில்லை. வாடகை சைக்கிளுக்கு ரஹீமே காசு கொடுத்து வரவழைத்தார். ஆளைக் கண்டுபிடிப்பது ஒரு திறமை. அவன் மறுநாளும் வந்து நிற்க என்ன வேண்டும் என்று யோசித்தது வாத்தியார் மனசு.

மெடல் பட்டியல் வாசகர்களுக்குத் தெரிந்ததே. 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து ரோவர்ஸ் கோப்பை, 1951 டெல்லி ஆசிய விளையாட்டில் தங்கம், 1956 ஒலிம்பிக்கில் நான்காம் இடம். நடுவில் 1952 ஹெல்சின்கியில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று வாங்கிய அடியும் அவர் கணக்கில்தான் இருக்கிறது. பலர் வெறுங்காலோடு ஆடிய ஆட்டம் அது. நான்கே வருஷத்தில் அதே நாட்டோடு ஒலிம்பிக் அரையிறுதியில் போய் நின்றார். அதிலும் தோல்விதான், ஆனால் 4-1. தோற்ற பாடத்தைத் திரும்ப எடுத்துப் படித்தவருக்கே இது வாய்க்கும்.

ஜகார்த்தாவையும் இந்தக் கண்ணோடு பார்த்தால் வேறு மாதிரித் தெரியும். தாய்லாந்து ஆட்டத்தில் ஜர்னைலுக்கு மண்டை உடைந்து தையல். தற்காப்பு வரிசையில் நின்று பந்தை முட்டித் தள்ளவேண்டியவர் இப்போது தலையைக் கொடுக்க முடியாது. வேறொருவராக இருந்தால் பெஞ்சில் உட்காரவைத்திருப்பார். ரஹீம் அவரை சென்டர் ஃபார்வர்டாக முன்னால் அனுப்பினார். அரையிறுதியில் ஒரு கோல், இறுதியில் ஒரு கோல். அரங்கம் முழுக்க இந்தியாவுக்கு எதிராகக் கூச்சல். ரஹீமின் உடம்புக்குள் புற்றுநோய். அடுத்த ஜூனில் அவர் இல்லை. எல்லோரும் ஜர்னைலின் வீரத்தைக் கொண்டாடுகிறார்கள். அதற்குப் பின்னால் இருந்தது, இந்தப் பையனால் இன்றைக்கு எது முடியாது, எது முடியும் என்று பிரித்துப் பார்த்த கண். வாகில்லாத காலுக்குப் போட்டி வைத்த அதே கண்.

இந்தத் தீவில் அந்தக் கண் குறைந்துகொண்டே வருகிறது என்பதுதான் என் வருத்தம். நான் படித்த பள்ளியில் பி.டி. மாஸ்டர் மழையிலும் விசிலோடு நிற்பார். யார் எந்தக் காலால் அடிப்பான் என்று அவருக்கு மனப்பாடம். இப்போது பல பள்ளிகளில் பி.டி. பீரியடைக் கணக்கும் அறிவியலும் தின்றுவிடுகின்றன. மாலையில் நேதாஜி ஸ்டேடியம் பக்கம் போனால், கோட்டுக்கு வெளியே நின்று “அடிடா, அடிடா” என்று கத்துவதையே பயிற்சி என்று நினைக்கிற குரல்கள் கேட்கின்றன. எங்கள் டெபோரா ஹெரால்டும் ஈசோ ஆல்பனும் சைக்கிளில் இந்தத் தீவின் பெயரை உலகத்துக்குச் சொன்னவர்கள். 2018இல் சுவிட்சர்லாந்தில் ஜூனியர் உலகப் போட்டியில் ஈசோவுக்கு வெள்ளி, 2019இல் ஜெர்மனியில் குழுவாகத் தங்கம். பேனர் கட்டினோம், மாலை போட்டோம். இப்படிப்பட்ட பிள்ளைகளின் கையைப் பிடித்து முதன்முதல் மைதானத்துக்குக் கூட்டிவந்த வாத்தியார்களின் பெயர் எந்த பேனரிலும் இல்லை. துரோணாச்சார்யா விருதே 1985இல்தான் வந்தது. ரஹீம் போய் அப்போது 22 வருஷம்.

தீவில் பள்ளிகளுக்கிடையே கால்பந்து நடத்துகிறவர்களிடம் கேட்கிறேன். செயற்கைப் புல்லும் மின்விளக்கும் வரும்போது வரட்டும். அதற்கு முன்னால் வருஷத்துக்கு ஒரு போட்டியை வாகில்லாத காலுக்கென்று ஒதுக்குங்கள். ஒரு பந்து, ஒரு விசில், விதியை விட்டுக்கொடுக்காத ஒரு வாத்தியார் போதும். கோப்பையில் ஜெயித்த பள்ளியின் பெயருக்குக் கீழே அந்த வாத்தியார் பெயரையும் பொறியுங்கள்.