அஷ்டமியில் அப்டேட்

மயிலாப்பூர் குளத்தை ஒட்டிய சந்து ஒன்றில், நான் வருடக்கணக்காகப் போகும் டிடிபி கடையில் மூன்று கம்ப்யூட்டர்கள். ஒன்றில் இன்னமும் விண்டோஸ் எக்ஸ்பி. யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்களும் பேஜ்மேக்கரும் அதில்தான் ஒழுங்காக ஓடுகின்றன. எக்ஸ்பியை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8ஆம் தேதியோடு கைகழுவிவிட்டதால், கடைக்காரர் அந்த சிஸ்டத்துக்கு நெட் கொடுக்கவில்லை. சரியான முடிவு. மூலையில் இருப்பது விண்டோஸ் 10. அதன் வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. பிராசஸர் பழசு என்பதால் விண்டோஸ் 11 அதில் ஏறாது. உண்மையான சிக்கல் நடுவில் இருக்கும் புதுக் கம்ப்யூட்டரில்தான். நாள் முழுக்க வாட்ஸப் திறந்திருக்கிறது, வருகிறவர் எல்லாரும் பென்டிரைவ் செருகுகிறார்கள், அப்டேட்டை மட்டும் நிறுத்தி வைத்திருக்கிறார். ஏன் என்று கேட்டேன்.

“அப்டேட் விட்டா பிரின்டர் போயிடும் சார். முகூர்த்த சீசன்ல யார் பதில் சொல்றது?”

இதைச் சோம்பல் என்று ஒதுக்குவது சுலபம். நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் ஒதுக்கினேன்.

பேட்ச் போடும் முறைக்கு ஓர் ஒழுங்கு வந்தது 2003 அக்டோபரில். மாதத்தின் இரண்டாம் செவ்வாய் என்று மைக்ரோசாஃப்ட் நாள் குறித்தது. அமெரிக்க மேற்குக் கரையில் காலை 10 மணி. நமக்கு இரவு பத்தரை, அவர்களுடைய குளிர்காலத்தில் பதினொன்றரை. தி. நகர் ஆடிட்டர் ஆபீஸ்களுக்கு அது தெரியவருவது புதன்கிழமை காலையில். நினைத்த நேரத்தில் வந்து விழுந்துகொண்டிருந்த திருத்தங்களுக்கு இப்படி ஒரு நாள் கிடைத்தது பெரிய நன்மை. கம்ப்யூட்டர்களைப் பராமரிப்பவர்கள் முன்கூட்டியே திட்டமிட முடிந்தது.

ஆனால் ஒட்டு, அதாவது பேட்ச், வெளியாகும் அந்தக் கணத்திலேயே ஓட்டையின் முகவரியும் வெளியாகிவிடுகிறது. பழைய ஃபைலையும் திருத்திய ஃபைலையும் அருகருகே வைத்து ஒப்பிட்டால், எந்த இடத்தில் மாற்றம் என்று தெரியும். மாற்றம் இருக்கும் இடத்தில்தான் பலவீனம் இருந்தது. ஒட்டுப் போட்டவர் தப்பித்தார், போடாதவர் நேற்றைவிட இன்று அதிக ஆபத்தில் இருக்கிறார். புதன்கிழமைக்குத் துறைக்குள் ‘எக்ஸ்ப்ளாய்ட் வெட்னெஸ்டே’ என்று பட்டப்பெயர் வந்தது இதனால்தான். பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்கிற ஊரில் இதை விளக்குவது கொஞ்சம் கஷ்டம்.

2017 மார்ச் 14இல் விண்டோஸின் ஃபைல் பகிர்வு முறையில் இருந்த ஓட்டைக்கு ஒட்டு வந்தது. ஒரு மாதத்தில் அந்த ஓட்டைக்கான தாக்குதல் கருவி இணையத்தில் கசிந்தது. மே 12இல் வானாக்ரை என்ற பணப்பறிப்பு வைரஸ் தாக்கியது. இடைவெளி 59 நாள். சுமார் 150 நாடுகளில் லட்சக்கணக்கான கம்ப்யூட்டர்கள் பூட்டிக்கொண்டன. சென்னையை ஒட்டிய ஒரகடத்தில் ரெனோ-நிஸான் தொழிற்சாலையும் தப்பவில்லை. பழியை எக்ஸ்பி மீது போட்டவர்கள் அதிகம். ஆனால் பாதிக்கப்பட்டவற்றில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7 என்று காஸ்பர்ஸ்கி நிறுவனம் கணக்கெடுத்துச் சொன்னது. அப்போது விண்டோஸ் 7க்கு ஆதரவு இருந்தது, ஒட்டும் தயாராக இருந்தது. யாரும் எடுத்துப் போடவில்லை.

இன்னொரு கதை நம் ஊரிலேயே தொடங்குகிறது. கூடுவாஞ்சேரிப் பக்கம் இருக்கும் ஸோஹோ, மேனேஜ்எஞ்சின் என்ற பெயரில் மற்ற நிறுவனங்களின் கம்ப்யூட்டர்களுக்கு ஒட்டுப் போட்டுத் தரும் மென்பொருளையே விற்கிறது. அதன் பாஸ்வேர்டு நிர்வாக மென்பொருள் ஒன்றில் ஓட்டை. 2021 செப்டம்பர் தொடக்கத்தில் திருத்தம் வந்தது, அதற்கு முன்பே அதைத் தாக்கத் தொடங்கியிருந்தார்கள். நவம்பர் 9ஆம் தேதி அதே ஓட்டை வழியாகச் சர்வதேச செஞ்சிலுவைச் சங்கத்தின் சர்வருக்குள் யாரோ நுழைந்தார்கள். போரிலும் பேரிடரிலும் குடும்பத்தைப் பிரிந்தவர்கள், காணாமல்போனவர்கள் என 5,15,000 பேருக்கு மேற்பட்டவர்களின் விவரங்கள் அதில் இருந்தன. திருத்தத்தை உரிய நேரத்தில் போடவில்லை என்று சங்கமே ஒப்புக்கொண்டது. வல்லுநர்கள் நிறைந்த அமைப்புக்கே இரண்டு மாதம் போதவில்லை என்றால், டிடிபி கடையைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

கடைக்காரரின் பயத்துக்கும் ஆதாரம் உண்டு. 2021 மார்ச் 9இல் வந்த விண்டோஸ் 10 அப்டேட்டைப் போட்டவர்களில் பலருக்கு, ரிக்கோ, கியோசெரா போன்ற பிரின்டர்களுக்குக் கட்டளை கொடுத்ததும் நீலத்திரை வந்து கம்ப்யூட்டர் விழுந்தது. ஜெராக்ஸ் கடைகளில் நிற்கும் அதே மெஷின்கள். ஆறு நாள் கழித்து, 15ஆம் தேதி, திருத்தத்துக்கு ஒரு திருத்தம் வந்தது. இடைப்பட்ட நாட்களில் பிரின்டர் வேலை செய்ய வேண்டுமென்றால் அந்த மாதத்து அப்டேட்டையே கழற்ற வேண்டியிருந்தது. பிரின்டர் வேண்டுமா, பாதுகாப்பு வேண்டுமா என்று கேட்டால் கடைக்காரர் எதைச் சொல்வார்?

என் முதன்மையான குறை, எல்லாத் திருத்தங்களையும் ஒன்றாக மூட்டை கட்டும் வழக்கத்தின் மீதுதான். முன்பு விண்டோஸ் 7இல் ஒவ்வொரு திருத்தத்தையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்க முடிந்தது. 2016 அக்டோபரிலிருந்து அங்கும் மாதாந்திர மூட்டை. விண்டோஸ் 10இல் தொடக்கம் முதலே அப்படித்தான். வேறுவேறு கலவையில் ஒட்டுப் போட்ட லட்சக்கணக்கான கம்ப்யூட்டர்களைச் சோதிக்க முடியாது என்பது நிறுவனத்தின் வாதம். நியாயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் அவசர மருந்தோடு வேண்டாத பலகாரத்தையும் சேர்த்து ஊட்டினால் அடுத்த முறை குழந்தை வாயைத் திறக்காது. ஊட்டியதால் வயிறு கெட்டாலும் கேட்க நாதி இல்லை: உரிம ஒப்பந்தத்தின்படி நஷ்டஈடு பெரும்பாலும் மென்பொருளின் விலையைத் தாண்டாது.

உடனே போடுவதும் எப்போதும் பாதுகாப்பல்ல. 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை காலை 9.39க்கு கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய ஒரு சிறிய ஃபைல், 78 நிமிடத்தில் திரும்பப் பெறப்படுவதற்குள் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்களைச் சாய்த்தது. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அந்த நேரத்தில் ஆஃப் ஆகிக் கிடந்த கம்ப்யூட்டர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை!

வேறு வழி இருக்கிறது. தரமணியில் இயங்கும் சி-டாக் என்ற அரசு ஆய்வு மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இயங்குதளம், தமிழக அரசின் இலவச லேப்டாப்களிலும் இருந்தது. அதன் அடிப்படையான டெபியன் பாதுகாப்புத் திருத்தத்துக்கென்று தனி வழி வைத்திருக்கிறது. புது வசதி எதுவும் சேர்க்காமல் ஓட்டையை மட்டும் அடைப்பது அதன் கொள்கை. டெபியனில் வரும் திருத்தம் பாஸுக்கு வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டும் என்பது பாஸின் பலவீனம். எங்கள் கடைக்குப் பேஜ்மேக்கர் வேண்டும் என்பது இன்னொன்று.

இதையெல்லாம் சொன்னபோது கடைக்காரர் குறுக்கே பேசவில்லை. பிரின்டரைச் சாய்த்த அப்டேட்டுக்கு ஆறு நாளில் மாற்று வந்தது, வானாக்ரை வர 59 நாள் ஆனது. இரண்டுக்கும் நடுவில் ஒரு நாளைப் பிடியுங்கள், விண்டோஸிலேயே ஒரு வாரம் நிறுத்திவைக்கும் பொத்தான் இருக்கிறது என்று காட்டினேன். அவர் சுவரில் தொங்கிய தினசரி காலண்டரின் தாள்களைப் புரட்டினார்.

“அஷ்டமி அன்னிக்கு விட்டுடறேன் சார். அன்னிக்கு எவனும் பத்திரிகை அடிக்க வர மாட்டான்.”

பதினைந்து நாளுக்கு ஓர் அஷ்டமி. செஞ்சிலுவைச் சங்கம் எடுத்துக்கொண்டதைவிடக் குறைவுதான். ஒட்டு வருவதற்கு முன்பே தாக்குதல் தொடங்கிவிட்ட ஓட்டைகளுக்கு அதுவும் நீளம் என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் ஒரு கல்யாண வீட்டார் பென்டிரைவோடு உள்ளே வந்துவிட்டார்கள்.