பூட்டப்படாத பக்கம்

கவிதையையும் புதினத்தையும் திறனாய்வு செய்வது நம் வழக்கம். கல்லூரி இணையதளத்தில் ஒரு மூலையில் கிடக்கும் பக்கத்தை அவ்வாறு எடுத்து வாசிக்கலாமா என்று வாசகர்கள் வியக்கக்கூடும். எழுதப்பட்டது எதுவாயினும் அது யாரிடம் பேசுகிறது, எந்தக் குரலில் பேசுகிறது என்று கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு. பாலியல் வன்கொடுமைக்கு ஆளான மாணவி ஒருத்தி, விடுதி அறையில் தோழிகள் உறங்கிய பின் கைப்பேசியில் தேடித் திறக்கும் பக்கத்தைப் பொறுத்தவரை அந்தக் கேள்வியைக் கேட்பது நம் கடமையும் ஆகிறது.

2024 டிசம்பர் 23 இரவு, சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்தினுள் மாணவி ஒருவர் வெளியாள் ஒருவனால் வன்கொடுமைக்கு உள்ளானார். அவர் அஞ்சி ஒடுங்கிவிடாமல் புகார் கொடுத்தார். அடுத்து நடந்ததை நாடறியும். அவருடைய அடையாளத்தைத் தாங்கிய முதல் தகவல் அறிக்கை காவல்துறையின் இணையதளம் வழியே வெளியேறிப் பலருடைய கைப்பேசிகளுக்குப் பரவியது. பாலியல் குற்றங்கள் போன்ற வழக்குகள் நீங்கலாக, முதல் தகவல் அறிக்கைகளை இணையத்தில் ஏற்ற வேண்டும் என்பது உச்ச நீதிமன்றம் 2016-இல் பிறப்பித்த ஆணை. எனவே இத்தகைய வழக்குகளின் அறிக்கைகள் தளத்தில் பூட்டப்பட்டிருக்க வேண்டும். 2024 ஜூலை முதல் நாள் இந்தியத் தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. பிரிவு எண்கள் எல்லாம் மாறின. அந்த மாற்றத்தின்போது நேர்ந்த தொழில்நுட்பக் கோளாறே பூட்டு விழத் தாமதமானதற்குக் காரணமாகலாம் என்று தேசியத் தகவலியல் மையம் விளக்கம் தந்தது.

ஒரு பெண்ணின் பெயரைக் காக்கும் வேலை இங்கே ஒரு நிரலின் சில வரிகளிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. அந்த வரிகளை எழுதியவரும் சரிபார்க்க வேண்டியவரும் அவள் முகத்தை அறியாதவர்கள். பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவோருக்கு ஈராண்டு வரை சிறை என்று புதிய சட்டத்தின் 72-ஆம் பிரிவு கூறுகிறது. கோளாறுக்கு யாரைச் சிறையில் அடைப்பது?

சென்னை உயர் நீதிமன்றம் டிசம்பர் 28 அன்று பெண் இ.கா.ப. அதிகாரிகள் மூவர் அடங்கிய சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்து, அந்த மாணவிக்கு 25 இலட்ச ரூபாய் இடைக்கால இழப்பீடு வழங்க ஆணையிட்டது. முதல் தகவல் அறிக்கையின் வாசகங்கள் பாதிக்கப்பட்டவரையே பழிக்கும் விதத்தில் அமைந்திருப்பதையும் அது கண்டித்தது. என் பார்வையில் அந்தத் தீர்ப்பின் மிகச் சிறந்த பகுதி இதுவே. நீதிபதிகள் அங்கே திறனாய்வாளர்களாகவும் நின்றார்கள். 2025 மே 28-இல் குற்றவாளி எனத் தீர்ப்பு. ஜூன் 2-இல், குறைந்தது முப்பது ஆண்டுகள் தண்டனைக் குறைப்பின்றி ஆயுள் சிறை. ஐந்தே மாதங்களில் முடிந்த வழக்கு. கசிந்த பெயரைத் திரும்பப் பெறுவதற்கு மட்டும் எந்த நீதிமன்றத்தாலும் இயலாது.

இது முதல் முறையன்று. 2019-இல் பொள்ளாச்சி வழக்கை மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாற்றிய அரசாணையிலேயே பாதிக்கப்பட்ட பெண்ணின் அடையாளம் அச்சாகியிருந்தது. அப்போதும் மதுரைக் கிளை 25 இலட்சம் வழங்கச் சொன்னது. அதே பிழை, அதே தொகை. தாளில் நிகழ்ந்தது ஐந்தாண்டு கழித்துத் திரையில் நிகழ்ந்தது, அவ்வளவே.

இனிக் கல்லூரிப் பக்கங்களுக்கு வருவோம். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013-இல் வந்தது. கல்வி நிறுவனங்களுக்கென்றே பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015-ஆம் ஆண்டு நெறிமுறைகள் 2016 மே மாதம் அரசிதழில் வெளியாயின. 2023 மே மாதம், கோவாப் பல்கலைக்கழகம் தொடர்பான வழக்கொன்றில், உச்ச நீதிமன்றம் மேலும் ஒரு படி சென்றது: புகார்க் குழுவின் அமைப்பு, பொறுப்பாளர்களின் தொலைபேசி எண், மின்னஞ்சல், இணையவழிப் புகார் தரும் முறை ஆகிய யாவும் இணையதளத்தில் எளிதில் கிடைக்க வேண்டும் என்றது. ஆக, பக்கம் இருக்க வேண்டும் என்பதில் ஐயமில்லை. அது எப்படி இருக்கிறது?

நான் பார்த்த பக்கங்கள் பலவற்றில் முகப்பை நிறைத்திருப்பவை தரமதிப்பீட்டுக் குறியீடுகளும் பட்டமளிப்பு விழாப் படங்களும். ஐந்தாறு சொடுக்குகள் கடந்து உள்ளே போனால், கையொப்பமும் முத்திரையும் இட்ட சுற்றறிக்கையின் நிழற்படம் ஒன்று ஆங்கிலத்தில், சாய்வாக ஒளிவருடப்பட்டுக் கிடக்கும். ஆய்வுக் குழு வரும்போது காட்டுவதற்காக ஏற்றப்பட்டது அது. அதன் வாசகர் மதிப்பீட்டாளர், மாணவி அல்லர். அழும் பெண்ணொருத்தி இரு கைகளால் முகத்தைப் பொத்தியிருக்கும் ஓவியம் தவறாமல் இருக்கும். வெட்கப்பட வேண்டியவள் நீதான் என்று, ஒரு சொல்லும் இன்றி, அந்த ஓவியம் சொல்லிவிடுகிறது.

பட்டுக்கோட்டையிலிருந்து பார்த்தால் இன்னொன்றும் தெரியும். பேராவூரணி, அதிராம்பட்டினம், முத்துப்பேட்டைப் பக்கத்து ஊர்களிலிருந்து தஞ்சைக்கும் திருச்சிக்கும் சென்னைக்கும் படிக்கப் போகும் பெண்களுள் பலர், தம் குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதிப்பவர்கள். தாய் நாற்று நட்ட கூலியிலும் தந்தை தேங்காய் விற்ற பணத்திலும் வாங்கிய கைப்பேசி அது. அதன் எண் பெரும்பாலும் தந்தையின் பெயரில் இருக்கும். விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தால் அந்தக் கைப்பேசி தம்பியின் கைக்கும் போகும். இணையவழிப் புகார்ப் படிவமோ முதலில் கைப்பேசி எண்ணைக் கேட்கிறது. ஒருமுறைக் கடவுச்சொல்லை அனுப்புகிறது. பின்னர், உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது என்று குறுஞ்செய்தியும் அனுப்புகிறது. அந்தச் செய்தியை யார் முதலில் படிப்பார் என்று படிவத்தை வடிவமைத்தவர் எண்ணிப் பார்த்தாரா? வீட்டு வன்முறைக்கு உதவும் மேலைநாட்டுத் தளங்கள் பலவற்றில், ஒரே தொடுகையில் பக்கத்தை மறைத்து வேறொரு தளத்துக்குத் தாவும் பொத்தான் உண்டு. தேடல் வரலாற்றை அழிப்பது எப்படி என்றும் அங்கே இரண்டு வரி எழுதியிருப்பார்கள். செலவில்லாத ஏற்பாடு. அதை எழுதியவர் வாசகியின் தோளுக்குப் பின்னால் யாரோ நிற்கிறார் என்பதை அறிந்திருக்கிறார்.

அவள் அறிய விரும்புவது சட்டப் பிரிவை அன்று. இதைச் சொன்னால் யாருக்கெல்லாம் தெரியவரும்? வீட்டுக்குக் கடிதம் போகுமா? அவன் அதே வகுப்பில் இருந்தால் நான் எங்கே உட்காருவது? நாள் கடந்துவிட்டதா? இவற்றுக்கெல்லாம் நெறிமுறைகளில் விடை இருக்கிறது. மூன்று மாதத்திற்குள் எழுதித் தர வேண்டும். தக்க காரணம் இருப்பின் மேலும் மூன்று மாதம் நீட்டலாம். விசாரணை தொண்ணூறு நாளில் முடிய வேண்டும். துணைவேந்தர், பதிவாளர், துறைத்தலைவர் போன்றோர் குழுவில் இடம்பெறக் கூடாது. மாணவர் தொடர்பான புகாரெனில் மாணவர் மூவர் இருக்க வேண்டும். கல்லூரிப் பேருந்தும் களப்பயணமும் வளாகமே. ஆண் மாணவரும் மூன்றாம் பாலினத்தவரும் கூடப் பாதிக்கப்படலாம் என்பதை அவை ஏற்கின்றன. இவ்வளவு நல்ல செய்தியை ஒருவரும் வாசிக்க இயலாத ஆங்கிலத்தில் புதைத்து வைப்பது எளிய வேலையன்று! புகார் தர விரும்பாமல் ஒருவரிடம் பேச மட்டும் விரும்புபவளுக்கு 181 என்ற எண்ணையேனும் முதல் வரியில் கொடுக்கலாம். புகார்ப் படிவத்தைக் கதவாக நிறுத்தி உதவியை அதன் பின்னே வைப்பது தகாது.

சொற்களைப் பற்றியும் ஒரு சொல். 1998-இல் சென்னையில் ஆண்களின் சீண்டலால் கல்லூரி மாணவி ஒருவர் உயிரிழந்த பின் தமிழ்நாடு ஒரு சட்டம் இயற்றியது. அதன் பெயரில் ‘ஈவ் டீசிங்’ என்றிருந்தது. ஈவ் என்பவள் நம் ஏவாள்தான். துன்புறுத்தப்பட்டவளுக்கு மயக்குபவளின் பெயர். துன்புறுத்தலுக்கு விளையாட்டின் பெயர். 2002-இல் சட்டத்தின் பெயரை அரசு மாற்றிவிட்டது. கல்லூரிப் பக்கங்கள் சில இன்னும் மாற்றவில்லை. ‘கற்பழிப்பு’ என்ற சொல்லும் அங்கங்கே தென்படுகிறது; அழிந்தது அவளுடைய கற்பு என்று சொல்பவரிடம் அவள் ஏன் வந்து பேச வேண்டும்?

தடுப்பு அறிவுரைகள் யாவும் பெண்ணை நோக்கியே எழுதப்பட்டுள்ளன. இருட்டிய பின் வெளியே போகாதே, தனியே நிற்காதே. அண்ணா பல்கலைக்கழக நிகழ்வுக்குப் பின் நம்மூர்த் தேநீர்க் கடைகளிலும், ஏன், ஆலய முற்றத்திலும் கூட எழுந்த முதல் கேள்வி, அந்நேரத்தில் அவளுக்கு அங்கென்ன வேலை என்பதே. பையன்களை விளித்து ஒரு வரியாவது எழுதிய பக்கம் ஒன்றைக் காண எனக்கு ஆவல்.

இதில் நாம் வெளியே நின்று விரல் நீட்டுபவர்கள் அல்லோம். தமிழகத்தின் மூத்த கல்லூரிகள் பல திருச்சபையின் கல்லூரிகள். திருத்தந்தை பிரான்சிஸ் 2019 மே மாதம் வெளியிட்ட மடல், புகார்களைப் பெறும் எளிதில் அணுகத்தக்க, நிலையான அமைப்பு ஒவ்வொரு மறைமாவட்டத்திலும் ஓராண்டுக்குள் ஏற்பட வேண்டும் என்றது. 2023-இல் அது நிலையான சட்டமாயிற்று. சாமுவேல் இரண்டாம் நூலின் பதின்மூன்றாம் அதிகாரத்தில் தாமார் தன் துயரை மறைக்கவில்லை; ஆடையைக் கிழித்துக்கொண்டு அழுதபடி நடந்தாள். பேசாமலிரு என்றான் அண்ணன். அரசராகிய தந்தை கடுஞ்சினம் கொண்டார், சினங்கொண்டதோடு சரி. குடும்பப் பெயரைக் காக்கும் நிறுவனத்தின் படம் இதைவிடத் துல்லியமாக எழுதப்பட்டதில்லை. நம் நிறுவனங்களின் தளங்களும் அரண்மனை வாயிலாகவே பேசுகின்றனவா என்பதைத் தாளாளர்களும் முதல்வர்களும் ஒருமுறை வாசித்துப் பார்க்கட்டும். முடிந்தால் முதலாண்டு மாணவி ஒருத்தியின் கைப்பேசியில்.

மாணவர் சேர்க்கைக் காலத்தில் பெற்றோர் கல்லூரிக் கையேட்டோடு பங்குத்தந்தையிடம் கருத்துக் கேட்க வருவது இப்பகுதியில் உண்டு. கட்டணமும் விடுதியும் எந்தப் பக்கத்தில் என்று பார்க்கிறார்கள். புகார்க் குழுவினரின் பெயரும் தொடர்பு எண்ணும் அந்தக் கையேட்டில் இருக்க வேண்டும் என்பதும் மானியக் குழுவின் விதியே. அந்தப் பக்கத்தைத் தேடிப் பாருங்கள். எண் இருந்தால், மகளை விட்டுவிட்டு வருமுன் ஒருமுறை அழைத்து, மறுமுனையில் யார் எடுக்கிறார் என்று கேளுங்கள்.