தன்வந்திரி வாயில் போட்ட வார்த்தை

விஞ்ஞானத்தைக் கதையாகச் சொல்லிக் கொடுக்கலாமா என்று கேட்டால், என்னைப்போலக் கதை எழுதிப் பிழைக்கிறவன் 'பேஷாகச் சொல்லலாம்' என்றுதான் சொல்லுவான் என்று எல்லாரும் எதிர்பார்க்கிறார்கள். எனக்கு என்னவோ அப்படிச் சட்டென்று சொல்ல வாய் வரவில்லை. கதை எவ்வளவு சாமர்த்தியமாகப் பொய் சொல்லும் என்பது அந்தத் தொழிலில் இருக்கிறவனுக்குத்தானே தெரியும்?

பெரியபாளையத்துக்குப் பக்கத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் விஞ்ஞானம் போதிக்கும் நண்பர் ஒருவர், மாணவர்களுக்காகத் தாம் எழுதிய ஏழு கதைகளை என்னிடம் கொடுத்தார். "விஞ்ஞானத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். கதை கதையாக இருக்கிறதா என்று மட்டும் நீங்கள் சொன்னால் போதும்" என்றார். படித்துப் பார்த்ததும், இந்த இரண்டையும் அப்படிப் பங்கு பிரித்துக்கொள்ள முடியாது என்று எனக்குப் பட்டது. கதை கெட்ட இடத்தில்தான் விஞ்ஞானமும் கெட்டிருந்தது.

இந்த முறை புதிதல்ல. அமெரிக்காவில் ஹார்வர்டு சர்வகலாசாலைத் தலைவராக இருந்த கோனன்ட், இரண்டாவது யுத்தம் முடிந்த கையோடு, விஞ்ஞானம் படிக்காத மாணவர்களுக்கு விஞ்ஞானத்தைப் புரிய வைக்க ஒரு வழி கண்டார். காற்றின் எடை, நெருப்பு எரிகிற மர்மம் இவற்றையெல்லாம் அந்தந்தக் காலத்து மனிதர்கள் எப்படித் தடவித் தடவிக் கண்டுபிடித்தார்கள் என்பதை, ஒரு வழக்கின் கட்டை விரித்துப் படிப்பது போலப் படிக்கச் செய்தார். பிற்பாடு பஃபலோ சர்வகலாசாலையில் ஹெரீட் என்பவர் அதையே இன்னும் கதையாக்கினார். கதையைப் பாதியில் நிறுத்திவிட்டு, 'இனி என்ன?' என்று மாணவர்களையே கேட்பது அவருடைய உத்திகளில் ஒன்று. நம் பக்கத்தில், மத்தியப் பிரதேசத்தில் ஹோஷங்காபாத் ஜில்லாவில் 1972-ல் தொடங்கிய விஞ்ஞானக் கல்வித் திட்டம், கதை என்று பெயர் சொல்லிக்கொள்ளாவிட்டாலும், கிராமத்துப் பையனே விடையைத் தேடட்டும் என்று விட்டது. 2002-ல் அரசாங்கம் அதை மூடிவிட்டது. தமிழில் 1987 முதல் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தார் நடத்தி வரும் 'துளிர்' இருக்கிறது. அதற்கெல்லாம் முன்னோடியாகப் பெ. நா. அப்புசாமி இருந்தார். அவர் கதை சொல்லுகிறவர் அல்ல, விளக்கிச் சொல்லுகிறவர். ஆனால் வாசகனை மட்டமாக நினைக்காமல் எழுதியவர். அது கதைக்காரர்கள் பலருக்கு வராத குணம்.

நண்பரின் ஏழு கதைகளில் நாலைப்பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. 'நான்தான் வைரஸ் பேசுகிறேன்' என்று ஒன்று. கிருமிக்கு வாய் முளைத்துத் தன் சரித்திரத்தைத் தானே ஒப்பிக்கிறது. பாடப் புத்தகத்துக்கு மீசை ஒட்டியிருக்கிறது, அவ்வளவுதான். ஐந்தாவது, ஜென்னர் கதை. நாம் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான்: பால்காரப் பெண் ஒருத்தி, 'எனக்கு மாட்டம்மை வந்துவிட்டது, இனிப் பெரியம்மை வராது' என்கிறாள். ஜென்னருக்குப் பளிச்சென்று புத்தியில் விளக்கு எரிகிறது. சுபம்.

இந்தப் பால்காரி வசனம் ஜென்னர் எழுதிய நூலில் கிடையாது. அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதிய நண்பர் பாரன் சேர்த்தது. மாட்டம்மை கண்டவர்களுக்குப் பெரியம்மை வருவதில்லை என்பது அந்தப் பக்கத்துக் குடியானவர்கள் பலருக்குத் தெரிந்த சங்கதி. ஜெஸ்டி என்ற குடியானவர், ஜென்னருக்கு 22 வருஷம் முன்னால், 1774-லேயே தம் மனைவிக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் மாட்டம்மையைக் குத்திவிட்டார். அப்படியானால் ஜென்னர் செய்தது என்ன? 1796 மே 14-ந் தேதி, ஜேம்ஸ் ஃபிப்ஸ் என்ற எட்டு வயதுப் பையனுக்கு மாட்டம்மைச் சீழைக் குத்தினார். ஜூலை முதல் தேதி அதே பையனுக்குப் பெரியம்மைச் சீழையே குத்தி, வருகிறதா என்று பார்த்தார். வரவில்லை. 1798-ல் புத்தகம் போட்டார். அந்தப் புத்தகம் என்ன தெரியுமா? 23 சம்பவங்கள்! இன்ன தோட்டக்காரன், இன்ன வேலைக்காரி, இன்ன வருஷம் என்ன கண்டது, பிறகு என்ன ஆயிற்று என்று வரிசையாக. அவற்றிலே ஒன்று ஜான் பேக்கர் என்ற ஐந்து வயதுக் குழந்தையைப் பற்றியது. ஏழைகள் விடுதியில் அவனுக்கு வேறு காய்ச்சல் கண்டுவிட்டதால், பெரியம்மை குத்திச் சோதிக்க முடியாமல் போயிற்று என்று ஜென்னர் அதையும் எழுதி வைத்திருக்கிறார். எனக்கு அந்தப் புத்தகத்தில் பிடித்த இடம் இதுதான். ருசு ஆகாத சம்பவத்தை விட்டுவிட்டு 22 என்று அச்சிட்டிருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? பால்காரியைச் சேர்த்தவர், விஷயத்தின் உயிரான இந்தக் குழந்தையை வெளியே தள்ளிவிட்டார். ஒரு நாவலாசிரியன் என்ற முறையில் சொல்லுகிறேன்: இது மோசமான கதை. ஏனென்றால் கதாநாயகனுக்குச் சந்தேகமே வருவதில்லை.

ஆனால் இதைக்காட்டிலும் விபரீதமான கதை ஒன்று நம் ஊரிலேயே நடந்திருக்கிறது. அதை எழுதியவர் சாதாரண ஆசாமியும் அல்ல.

1802 ஜூன் 14-ந் தேதி பம்பாயில் மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்றுக்கு அம்மைப்பால் குத்தினார்கள். இந்தியாவில் அதுதான் முதல் தடவை. பாக்தாத், பாஸ்ரா என்று கைக்குக் கை மாற்றிக் கொண்டுவந்த பால் அது. அங்கிருந்து தேசம் முழுவதும் பரவிற்று. ஜனங்கள் கையை நீட்டத் தயங்கினார்கள். யாருடைய கையிலிருந்தோ எடுத்ததை என் குழந்தை கையில் ஏற்றுவதா? மாட்டுக்கு வந்த வியாதியை மனுஷனுக்குக் கொடுப்பதா? தயங்கியதில் அதிசயமில்லை. அப்போது சென்னையில் எல்லிஸ் துரை இருந்தார். திருக்குறளில் ஈடுபட்டுத் தம்மை எல்லீசன் என்று எழுதிக்கொண்டாரே, அவரேதான். தென்னாட்டு மொழிகள் ஒரு தனிக் குடும்பம் என்று 1816-லேயே நிறுவியவர். சென்னையில் தண்ணீர்ப் பஞ்சத்தில் கிணறுகள் வெட்டினார். 1818-ல் அவர் கல்வெட்டு வைத்த கிணறு ஒன்று இராயப்பேட்டைப் பெரியபாளையத்தம்மன் கோயிலில் இருக்கிறது. நான் எழுத வந்த விஷயத்துக்கும் அந்த அம்மனுக்கும் இப்படி ஒரு முடிச்சு விழும் என்று நான் நினைக்கவில்லை.

இந்த எல்லிஸ் என்ன செய்தார் என்றால், அம்மைப்பாலைப் பற்றி வடமொழியில் ஒரு சிறு செய்யுள் நூல் இயற்றினார். அதைப் பழைய தாளில் எழுதி, எங்கோ கண்டெடுத்தது போல உலவ விட்டார்கள். பசுவிடமிருந்து வந்த பாதுகாப்பு இது, பழைய சாஸ்திரத்திலேயே இருக்கிறது என்று வைதிகர்கள் நம்பட்டும் என்று ஏற்பாடு. ஸர் ஜான் மால்கம் இதைப் பாராட்டியே எழுதி வைத்திருக்கிறார்.

எல்லிஸைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. பெரியம்மை கண்டவர்களில் பத்துக்கு மூன்று பேர் செத்தார்கள். பிழைத்தவர்களிலும் கண் போனவர்கள் எத்தனையோ பேர். ஒரு பொய்ச் சுவடியால் ஒரு குழந்தை பிழைத்தால் பிழைத்துவிட்டுப் போகட்டுமே என்று அவர் நினைத்திருப்பார். அந்த இடத்தில் நான் இருந்தால் எனக்கும் கை துறுதுறுத்திருக்கும்.

ஆனால் பொய்க் கதை, சொன்னவனோடு நின்றுவிடுவதில்லை. எல்லிஸ் காலமான 1819-ல், தன்வந்திரியே அம்மை குத்துவதைப்பற்றிச் சொல்லியிருப்பதாகச் சென்னைப் பத்திரிகை ஒன்றில் ஒரு மேற்கோள் வெளியாயிற்று. புத்தகத்துக்குப் புத்தகம் தாவிற்று. 1905-ல், அம்மைப்பால் தயாரிப்பதற்கென்றே பேர்போன கிண்டி கிங் நிலையத்தைத் திறந்து வைத்த கவர்னர் ஆம்ப்டில் பிரபு, கர்னல் கிங் சொன்னதாக அதே தன்வந்திரியை மேடையில் எடுத்துக் காட்டினார். 1935-ல் வில் டூரான்ட் தம் பெரிய சரித்திரத்தில், கி.பி. 550-லேயே இந்தியாவில் இது தெரிந்திருக்கலாம் என்று எழுதினார். மூல ஆயுர்வேத நூல் எதிலும் அப்படி ஒரு வாசகம் கிடையாது. டொமினிக் வூயஸ்டிக் என்ற வடமொழி அறிஞர் 1987-ல் இந்த நூலைப் பிடித்துக்கொண்டு முடிச்சு முடிச்சாக அவிழ்த்தார். 'புண்ணிய மோசடி' என்று கட்டுரைக்குப் பெயர் வைத்தார். வெள்ளைக்காரத் துரை நம்மை ஏமாற்ற எழுதியதாகத் தோன்றும் வாக்கியத்தை, நம்முடைய பெருமைக்குச் சாட்சியாக நாம் தூக்கி வைத்துக்கொண்டது எவ்வளவு பெரிய வேடிக்கை!

எல்லிஸுக்கு வேண்டியிருந்தது ஜனங்கள் கையை நீட்டுவது. யோசிப்பது அல்ல. அதற்குத் தன்வந்திரி போதும். பள்ளிக்கூடத்தில் வேண்டியது வேறு. அங்கே யாருடைய பெயரைச் சொல்லியும் நம்ப வைக்கும் கதை உதவாது. ஜென்னர் பெயரானாலும் அப்படித்தான். பால்காரிக் கதையில் ஜென்னர் வெறும் வெள்ளைக்காரத் தன்வந்திரி.

இனி நண்பரின் ஆறாவது கதைக்கு வருகிறேன். 'மூன்றாம் தண்ணீர்' என்று பெயர். ஏழில் இதற்காகத்தான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன்.

ஆரணியாற்றங்கரையில் ஒரு வீடு. ஆடி மாதம். பேரனுக்கு அம்மை வார்த்திருக்கிறது. வாசலில் வேப்பிலை செருகியாயிற்று. பாட்டி முகத்தில் சிறு வயதில் கண்ட பெரியம்மைத் தழும்புகள். "எனக்குத்தான் ஆத்தா ஏற்கெனவே வந்துட்டுப் போயிட்டாளே, எனக்கென்ன?" என்று பாட்டியே பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்கிறாள். பேத்திக்குத் தோளில் ஊசித் தழும்பு இருக்கிறது, அவளுக்கும் பயமில்லை என்கிறாள் தாய். பையனுக்கு மூன்றாம் தண்ணீர் விட்டாயிற்று. பெரியபாளையம் போய் வேப்பஞ்சேலை கட்டுவதாக வேண்டுதல். பதினைந்தாம் நாள் பாட்டிக்குக் காய்ச்சல். மறுநாள் முத்து. இரண்டு நாளில் பேத்திக்கும்.

இங்கே கதையை நிறுத்தி, ஏன் என்று கேட்கிறார் நண்பர். அந்த வகுப்பில் நானும் ஒரு நாள் பின் பெஞ்சியில் உட்கார்ந்திருந்தேன். ஒரு பையன், வேண்டுதலைத் தள்ளிப்போட்டதால் என்றான். இன்னொருவன், வயதாகிவிட்டால் பழைய அம்மையின் பலம் தேய்ந்துவிடும் என்றான். அது நல்ல யோசனைதான், தப்பாக இருந்தாலும். அப்புறம் ஜன்னலோரத்துப் பெண் ஒருத்தி எழுந்தாள்.

"அது வேற அம்மா சார்."

"வேற அம்மான்னா?"

"எங்க ஊர்ல ஒரு அம்மா, பெரியபாளையத்துல ஒரு அம்மா. ஒரு அம்மா வந்துட்டுப் போனா இன்னொரு அம்மா வரக்கூடாதா சார்?"

வகுப்பு சிரித்தது. நண்பர் சிரிக்கவில்லை. கரும்பலகையில் பெரியம்மை, சின்னம்மை, தட்டம்மை என்று எழுதினார். நாம் ஒரே சொல்லால் அழைப்பது ஒரே வியாதிதானா என்று கேட்டார். பெரியம்மை இந்தியாவில் 1975-லும், பூமியிலேயே 1980-க்குள்ளும் இல்லாமல் போய்விட்டது. பேரனுக்கு வந்தது சின்னம்மை. ஒன்று கண்டால் மற்றதற்குக் காப்பில்லை. நம்மைப் போன்ற உஷ்ண தேசங்களில் பெரியவர்களுக்கும் சின்னம்மை அதிகம் வரும். பேத்தியின் தோளிலுள்ள தழும்பு க்ஷயரோகத்துக்குப் போட்ட ஊசி. இவ்வளவையும் பிள்ளைகளே இழுத்து இழுத்து எடுத்தார்கள். முக்கால் மணி போனது தெரியவில்லை.

அந்தப் பெண்ணின் வாய்ப்பேச்சில் ஆத்தாளும் இருக்கிறாள், வகைபிரிப்பும் இருக்கிறது. நண்பர் ஆத்தாளைக் கேலி செய்யவும் இல்லை, எல்லிஸைப் போல வேலைக்கு அமர்த்திக்கொள்ளவும் இல்லை. அவளைக் கோயிலிலேயே இருக்க விட்டிருக்கிறார். பதினைந்தாம் நாள் என்று கணக்கோடு போட்டிருக்கிறார். சின்னம்மை தொற்றி வெளிப்படப் பத்து நாளிலிருந்து மூன்று வாரம் ஆகும். கெட்டிக்காரப் பிள்ளைகள் அந்த எண்ணைப் பிடித்துக்கொள்கிறார்கள். பாட்டியின் தைரியத்துக்கும் தாயின் நம்பிக்கைக்கும் நியாயமான காரணம் இருக்கிறது. தப்பான முடிவுக்குப் போகிற புத்தியுள்ள பாத்திரங்கள்! பெரிய நாவல்களிலேயே இது அபூர்வம்.

ஆனால் குற்றமும் உண்டு. எழுதின பிரதியில் கதை அங்கே நிற்கவில்லை. கடைசிப் பக்கத்தில் ஒரு டாக்டர் ஸ்கூட்டரில் வந்து இறங்கி, ஒன்றரைப் பக்கம் பிரசங்கம் செய்கிறார். பாட்டி கையெடுத்துக் கும்பிடுகிறாள். தாய், "எங்கள் கண்ணைத் திறந்தீர்கள்" என்கிறாள். வகுப்பில் நண்பர் அந்தப் பக்கத்தை வாசிக்கவில்லை, வாசிக்கத் தேவையும் இருக்கவில்லை. பிறகு ஏன் எழுதினீர்கள் என்று கேட்டேன். "மற்ற ஆசிரியர்களுக்கு விடை வேண்டாமா? பரீட்சை இருக்கிறதே" என்றார். பரீட்சை நிஜம்தான். விடையைத் தனித் தாளில் ஆசிரியருக்கு மட்டும் கொடுக்கட்டும். அதற்காக ஸ்கூட்டரில் ஒரு தன்வந்திரியை வரவழைத்து, முந்தின எட்டுப் பக்கமும் யோசித்த பாட்டியை வாய் பிளக்க வைக்க வேண்டாம். அவள் டாக்டரை ஒரு கேள்வியாவது கேட்டிருப்பாள்.

இந்தக் கதைக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில் உள்ள இன்னொரு தடங்கல் பாஷை. பாட்டி பேசும்போது கதை ஆரணியாற்றங்கரைத் தமிழ். ஆசிரியர் குரல் வந்தவுடன் பாடப் புத்தகத் தமிழ். 'நோய்த்தொற்றிற்கு ஆளானாள்' என்று வருகிறது. அவளுக்கு முத்துப் போட்டது என்று எழுதினால் விஞ்ஞானம் ஒன்றும் குறைந்துவிடாது.

ஏழாவது கதை முடியவில்லை. மீஞ்சூர்ப் பக்கத்தில் ஒரு வயற்கிணறு உப்புக் கரிக்கத் தொடங்குகிறது. கடல் தண்ணீர் நிலத்துக்கடியில் உள்ளே வந்திருக்கிறது என்பது அந்த வட்டாரத்தில் யாவரும் அறிந்தது. ஆனால் இந்தக் கிணற்றுக்கு, பக்கத்து வயல்களின் மோட்டார்கள் எவ்வளவு காரணம், பட்டணத்துக்கு இறைத்த குழாய்க் கிணறுகள் எவ்வளவு காரணம், மழை பொய்த்தது எவ்வளவு காரணம் என்று நண்பருக்கே கணக்குக் கூடிவரவில்லை. அது தெரிந்த பிறகு முடித்துத் தருகிறேன் என்றார். முடிக்காமலே வகுப்புக்குக் கொண்டுபோகச் சொல்லியிருக்கிறேன். அந்த ஊர்ப் பிள்ளைகள் பலர் வீட்டில் கிணறு இருக்கிறது. எந்த வருஷம் எத்தனை முழத்தில் தண்ணீர் இருந்தது, எப்போது ருசி மாறிற்று என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு வருவார்கள்.