யார் சொன்னால் அது செய்தி?

தமிழில் ‘தலைவி’ என்ற சொல்லுக்கு நீண்ட வரலாறு உண்டு. அந்த வரலாற்றில் பதவி மட்டும் இல்லை. அகப்பாடல்களின் தலைவி காத்திருப்பாள், ஊடுவாள், துணிந்து உடன்போவாள்; ஓர் அமைப்பின் வரவுசெலவில் கையெழுத்திடமாட்டாள். பதவியைச் சொல்லும்போது பெண்ணையும் ‘தலைவர்’ என்றே எழுதுகிறோம். மரியாதைக்குரிய அந்த ‘அர்’ விகுதி, உள்ளே இருப்பவர் யார் என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறது. அமெரிக்காவின் சுற்றுச்சூழல் இதழாளர் சங்கத்தில் நடந்த தலைமை மாற்றங்களைத் தமிழில் எழுத உட்கார்ந்தால், இந்தச் சிக்கல் முதல் வரியிலேயே வந்து நிற்கிறது. தலைவர்கள் பட்டியலை அப்படியே எழுதிவைத்தால் அதில் எத்தனை பெண்கள் என்று வாசகருக்குத் தெரியாது. தேடித்தான் சொல்ல வேண்டும்.

அந்தச் சங்கம் 1990இல் தொடங்கியது. அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளும் அமெரிக்கச் செய்தி அறைகளை உலுக்கியவை. 1988 ஜூன் மாதக் கடும் வெயிலில், நாசா விஞ்ஞானி ஜேம்ஸ் ஹான்சன் செனட் குழுவின் முன் நின்று, பூமி சூடாகிக்கொண்டிருக்கிறது என்று சாட்சியம் சொன்னார். 1989 மார்ச்சில் எக்ஸான் வால்டெஸ் கப்பல் அலாஸ்காக் கடலில் கச்சா எண்ணெயைக் கொட்டியது. சூழல் செய்திகளுக்குத் திடீரென்று பக்கங்கள் கிடைத்தன. அவற்றை எழுதத் தெரிந்தவர்கள் நாடெங்கும் ஆளுக்கொரு மூலையில் தனியாக இருந்தார்கள். அவர்களில் சிலர் சேர்ந்து உருவாக்கியதுதான் இந்தச் சங்கம். பிலடெல்பியா இன்குவயரர் நாளிதழின் ஜிம் டெட்ஜன் முதல் தலைவரானார்.

பெண்கள் அங்கே பிற்காலத்தில் வந்து சேர்ந்தவர்கள் அல்லர். 1990களிலேயே எமிலியா அஸ்காரி தலைவராக இருந்தார். பிறகு கிறிஸ்டி ஜார்ஜ், கேரலின் வெட்செல், இந்திய வேர் கொண்ட மீரா சுப்பிரமணியன், ஸேடி பாபிட்ஸ் என்று பெயர்கள் தொடர்கின்றன. அன்றாட நிர்வாகத்தின் கதை இன்னும் அழுத்தமானது. முதல் நிர்வாக இயக்குநர் பெத் பார்க் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அந்தப் பொறுப்பில் இருந்தார். பின்னாளில் மேகன் பார்க்கரும் அபர்ணா முகர்ஜியும் அதே பொறுப்புக்கு வந்தார்கள்.

எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர் இந்த இடத்தில் கைதட்டிவிட்டு எழுந்துவிடலாம். பெண்ணிய வாசிப்பு கொஞ்சம் உட்கார்ந்து, அந்த நாற்காலிகளில் நடக்கும் வேலை என்ன என்று கேட்க வேண்டும். சங்கத்தின் இயக்குநர் குழுவை உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். குழுவில் இருப்பவர்கள் தன்னார்வலர்கள். தலைவருக்கும் சம்பளம் கிடையாது. தன் செய்தி வேலையை முடித்துவிட்டு, மிச்ச நேரத்தில் சங்கத்தைக் கவனிக்க வேண்டும். ஆண்டு மாநாட்டுக்கு இடம் பார்ப்பது, நன்கொடைக்கு விண்ணப்பம் எழுதுவது, மனவருத்தத்தில் விலகப்போகிறவரிடம் பேசி நிறுத்திவைப்பது ஆகிய எல்லாம் ஓர் அமைப்பை உயிரோடு வைத்திருக்கும் வேலைகள். செய்தவர் பெயர் இவற்றில் எங்கும் ஒட்டாது.

அகப்பாடலில் கதையை நகர்த்துபவள் தலைவி அல்ல, தோழி. சொல் கொண்டுபோவது, இடம் குறிப்பது, நெருக்கடி முற்றும்போது செவிலியிடம் உண்மையை உடைத்துச் சொல்வது எல்லாம் அவள் பொறுப்பு. இந்தக் கடைசி வேலைக்கு ‘அறத்தொடு நிற்றல்’ என்று இலக்கணம் பெயர் வைத்தது. தோழிக்குத் தனிப் பெயர் எந்தப் பாட்டிலும் கிடையாது. அமைப்புகளில் பெண்களின் தலைமையைப் பற்றிப் பேசும்போது, தலைவி வேலையைக் கொடுக்கிறார்களா, தலைவி என்ற பெயரில் தோழி வேலையைக் கொடுக்கிறார்களா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

இன்னொரு கேள்வியும் உண்டு. 2008 டிசம்பரில் சிஎன்என் தன் அறிவியல், சூழல் செய்திப் பிரிவைக் கலைத்தது. 2013 தொடக்கத்தில் நியூயார்க் டைம்ஸ் தன் சூழல் செய்தி மேசையைக் கலைத்து, அதன் செய்தியாளர்களை வேறு பிரிவுகளுக்கு அனுப்பியது. மாதச் சம்பளம் குறைந்து, கட்டுரைக்கு இவ்வளவு என்று வாங்கிப் பிழைக்கும் நிலை பரவிய காலம் அது. வீடு ஒழுகத் தொடங்கிய பிறகுதான் சாவி பெண்ணின் கைக்கு வருகிறது என்று நிறுவனங்களை ஆராய்ந்த மிஷெல் ரயனும் அலெக்ஸ் ஹாஸ்லமும் 2005இல் வாதிட்டார்கள். அந்த வாதத்தை இந்தச் சங்கத்தின் மேல் அப்படியே போர்த்த முடியாது. வீடு நன்றாக இருந்த 1990களிலும் அங்கே பெண்கள் தலைமையில் இருந்திருக்கிறார்கள். ஆனாலும் 2008க்குப் பின் தலைமைக்கு வந்தவர்கள் ஏற்ற பாரம் முன்னவர்களுடையதைவிடக் கனமானது. செய்தியின் தரத்தைக் காப்பதோடு, செய்தியாளர் என்ற பிழைப்பையே காக்க வேண்டியிருந்தது. 2010இல் சங்கம் சூழல் இதழியலுக்கென ஒரு நிதியைத் தொடங்கி, பயணச் செலவுக்கும் ஆவணம் தேடும் செலவுக்கும் உதவியது. பின்னால் நிறுவனம் இல்லாத ஒரு பெண், மாசுபட்ட ஆற்றங்கரைக்குப் போய்வர முடிவது இத்தகைய பணத்தால்தான். முன்னேற்றம் என்றால் முதலில் நான் எழுதிவைப்பது இதைத்தான்.

தலைமைக்கு யார் வந்தார் என்பதோடு, யார் சொன்னதை அந்தத் தொழில் நம்பியது என்பதையும் பார்க்க வேண்டும். சங்கம் ஆண்டுதோறும் தரும் நூல் பரிசுக்கு ரேச்சல் கார்சன் பெயர் இருக்கிறது. பொருத்தமான பெயர்தான். ஆனால் அவர் எப்படி நடத்தப்பட்டார் என்பதை அந்தப் பரிசின் பெயர் நினைவூட்டாது. 1962இல் ‘மௌன வசந்தம்’ வந்தபோது அவர் விலங்கியலில் முதுகலைப் பட்டம் பெற்றவர். அமெரிக்க அரசின் மீன்வள, வனவிலங்குத் துறையில் வெளியீடுகளின் தலைமைப் பதிப்பாசிரியராக இருந்தவர். பூச்சிக்கொல்லி நிறுவனங்களும் அவற்றின் பக்கம் நின்ற பத்திரிகையாளர்களும் இந்தத் தகுதிகளை மதிக்கவே இல்லை. திருமணமாகாதவர், உணர்ச்சிவசப்படுபவர், ஹிஸ்டீரியா பிடித்தவர் என்றார்கள். கிரேக்க மொழியில் கருப்பையைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது ஹிஸ்டீரியா. ஒரு பெண்ணின் ஆதாரத்தை மறுக்க முடியாதபோது அவள் கருப்பையைக் காட்டிப் பேசுவது எவ்வளவு பழைய தந்திரம் என்பதை அந்தச் சொல்லே காட்டிக்கொடுக்கிறது. மார்பகப் புற்றுநோயோடு போராடிக்கொண்டே பதில் சொன்ன கார்சன் 1964 ஏப்ரலில் இறந்தார். 1972இல் அமெரிக்க அரசு டிடிடியின் பெரும்பாலான பயன்பாடுகளைத் தடைசெய்தது.

1978இல் நயாகரா ஃபால்ஸ் நகரின் லவ் கெனால் பகுதியில், ரசாயனக் கழிவு புதைத்த மண்ணின் மேல் கட்டப்பட்ட பள்ளிக்கூடத்தில் லோயிஸ் கிப்ஸின் மகன் படித்தான். கிப்ஸ் வீடுவீடாகப் போய், எந்த வீட்டில் கருச்சிதைவு, எந்த வீட்டில் பிறவிக் குறைபாடு என்று கேட்டு எழுதி, வரைபடத்தில் புள்ளி வைத்தார். நோய்கள் பழைய நீரோடைத் தடங்களை ஒட்டியே வருவதைக் காட்டினார். இல்லத்தரசிகள் திரட்டிய பயனற்ற தகவல் என்று மாநிலச் சுகாதார அதிகாரிகள் அதைத் தள்ளினார்கள். அடுத்த வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்பது ஒரு தெருவின் பெண்களுக்குத்தான் முதலில் தெரியும். அந்த அறிவை ஆய்வு என்று ஒத்துக்கொள்ள அதிகாரத்துக்கு மனம் வரவில்லை.

அடுத்தது மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளின்ட். கறுப்பினத்தவர் பெரும்பான்மையாக வாழும் அந்நகரின் குடிநீர் 2014 ஏப்ரலில் ஃபிளின்ட் ஆற்றுக்கு மாற்றப்பட்டது. அரிப்பைத் தடுக்கும் மருந்து சேர்க்காததால் குழாய்களின் ஈயம் தண்ணீரில் கலந்தது. லீஆன் வால்டர்ஸ் என்ற தாய், குழந்தைகளின் தடிப்பையும் குழாயில் வந்த பழுப்புத் தண்ணீரையும் விடாமல் கேள்வியாக்கினார். குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் கூடியிருப்பதை மருத்துவர் மோனா ஹன்னா அத்திஷா 2015 செப்டம்பரில் எண்களோடு வெளியிட்டார். மாநிலச் செய்தித் தொடர்பாளர் ஒருவர் அதற்குச் சொன்ன பதிலிலும் அந்த ஹிஸ்டீரியா வந்தது. கார்சனுக்கும் இவருக்கும் இடையே ஐம்பத்து மூன்று ஆண்டுகள். சில நாட்களில் மாநிலமே அவர் எண்களை ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

ஃபிளின்ட் கதையைத் தோண்டி எடுத்தவர்களில் முக்கியமானவர் கர்ட் கயெட். அவர் அப்போது எந்தப் பத்திரிகையின் ஊழியரும் அல்லர். மிச்சிகனின் குடியுரிமை அமைப்பு ஒன்றில் புலனாய்வுச் செய்தியாளராக வேலை பார்த்தார். இந்த இடத்தில் சங்கத்தின் பழைய விதி ஒன்று நினைவுக்கு வருகிறது. சூழல் விவகாரங்களில் மக்கள் தொடர்பு வேலையோ பரப்புரையோ கூலிக்குச் செய்பவர்களை அது உறுப்பினராக ஏற்பதில்லை. நிறுவனங்களின் கை உள்ளே நுழையாமலிருக்க வைத்த வேலி அது. தேவையான வேலிதான். ஆனால் செய்தித்தாள்களின் சம்பளம் வற்றிய ஊரில், அந்த வேலி சம்பளக்காரர் மேல் லேசாகவும் தனித்து எழுதுபவர் மேல் கனமாகவும் விழுகிறது. பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்காக ஒரு தொண்டு நிறுவனத்தின் அறிக்கையை எழுதித் தரும் பெண்ணும், எண்ணெய் நிறுவனத்துக்காக முழுநேரம் வாதாடுபவரும் ஒரே கோட்டுக்கு வெளியே நிற்க நேரலாம். வேலியை எங்கே தளர்த்துவது, எங்கே இறுக்குவது என்று முடிவெடுப்பதுதான் தலைமையின் உண்மையான அதிகாரம். மாநாட்டு மேடையில் யார் நடுவில் உட்கார்கிறார் என்பது அதற்கு அடுத்ததுதான்.

இனத்தின் கேள்வி இதைவிடக் கூர்மையானது. 2021இல் அபுரூட் திட்டம் என்ற பெயரில், வெள்ளையரல்லாத சூழல் செய்தியாளர்கள் தங்களுக்கென ஒரு வலைப்பின்னலை உருவாக்கிக்கொண்டார்கள். முப்பது ஆண்டு வயதுள்ள பெரிய வீட்டின் பக்கத்திலேயே ஒரு சிறு வீடு கட்டவேண்டியிருந்தது என்றால், பெரிய வீட்டில் எல்லோருக்கும் போதிய இடம் இருக்கவில்லை என்றுதான் பொருள். வெள்ளைப் பெண்கள் நாற்காலிக்கு வந்ததை எல்லாப் பெண்களின் வரவாகக் கணக்கெழுதும் தவறு பெண்ணியத்துக்குப் புதிதல்ல. மீரா சுப்பிரமணியனும் அபர்ணா முகர்ஜியும் பொறுப்புக்கு வந்ததை அந்தக் கணக்கின் திருத்தமாக வாசிக்கலாம்; கணக்கு முடிந்துவிட்டதாக வாசிக்கக் கூடாது.

தலைமைக்கு வரும் பெண் எதைச் சூழல் செய்தி என்று கருதுகிறார் என்பதும் முக்கியம். இந்தியாவைப் பற்றி மீரா சுப்பிரமணியன் எழுதி 2015இல் வந்த நூல் ஐம்பூதங்களின் பெயரில் ஐந்து பகுதிகளாக விரிகிறது. நெருப்புக்கு அவர் எடுத்துக்கொண்டது விறகடுப்பு. காட்டுத் தீயும் அனல் மின்நிலையமும் கிடைக்கும் நாட்டில், புகையை ஊதிக்கொண்டிருக்கும் பெண்ணின் நுரையீரலை அவர் சூழல் செய்தியாக்கினார். ஆகாயம் என்ற பகுதியில் வருபவர்கள் பீகாரின் வளரிளம் பெண்கள். தங்கள் உடலைப் பற்றிய அறிவு அவர்களுக்கு எப்படிக் கிடைக்கிறது என்பது கதை. மக்கள்தொகை என்ற பெரிய எண், அங்கே ஒரு பெண் பிள்ளையின் கேள்வியாகச் சுருங்குகிறது. சமையலறையும் மாதவிலக்கும் சூழல் பக்கத்தில் இடம் பெறும்போது பாடத்தின் எல்லையே மாறுகிறது. இப்படி எழுதிய ஒருவர் சங்கத்தின் தலைவரானதில், ஒரு பெயர் மாறியதைவிடக் கூடுதலாக ஒன்று நடந்திருக்கிறது.

இதை வாசிக்கும் மாணவிகளில் சிலர் நாளை செய்தி அறைகளுக்குப் போவீர்கள். சிலர் ஏதோ ஒரு சங்கத்தின் பொறுப்புக்கும் வருவீர்கள். அங்கே மூன்று விஷயங்களைக் கணக்கெடுங்கள். சம்பளமில்லாத வேலை யார் தலையில் விழுகிறது? உறுப்பினர் விதி யாரை வெளியே நிறுத்துகிறது? ஒரு தாயோ செவிலியரோ குறிப்பேட்டோடு வந்தால், அவர் சொல்வது ஆதாரமாகிறதா, புலம்பலாகிறதா? மூன்றாவது கேள்விக்கான பதில் மாறாதவரை, நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் கார்சனிடம் சொன்னதைத்தான் அடுத்த பெண்ணிடமும் சொல்வார்கள்.