தாவ்தியேயும் கீர்த்திமுகமும்: ஓராராய்ச்சி

உயிர்கட்கு உடம்பு வாய்த்த அன்றே பசியும் உடன்வாய்த்தது. அதனைப் பிணியென்று நம் முன்னோர் கூறினர். பிறர் பசி தீர்த்தலைத் தலையாய அறமென்று போற்றினர். ஆயின், உண்டவளவில் தணியும் பசி வேறு. உண்ணுந்தோறும் வளரும் அவா வேறு. பின்னதாகிய அவாவிற்கு ஒரு வடிவு கொடுத்துக் காட்டிய நாட்டாருள் சீனர் முற்பட்டவர். அவர் பழங்கதையிற் கூறப்படும் பெருந்தீனி விலங்கின் பெயர் தாவ்தியே என்பது. உடலற்ற வெறும் முகமாக அது நினைக்கப்படுதலின், நம் திருக்கோயில்களில் தோரணத்தின் மேலும் திருவாசியின் உச்சியிலும் விளங்கும் கீர்த்திமுகமும் அதுவும் ஒன்றேயென அன்பர் சிலர் கூறி வருகின்றனர். அக்கூற்றுப் பொருந்துமா என்பதும், அவ்விலங்கை இக்காலத்தார் கையாளும் முறை தக்கதா என்பதும் ஈண்டு ஆராயப்படும்.

முதற்கண் பெயரை நோக்குவாம். தாவ், தியே என்னும் ஈரெழுத்துக்களிலும் உணவைக் குறிக்கும் உறுப்பு அமைந்துள்ளது. பொருளின்மேற் செல்லும் பேராசை தாவ் என்றும், உணவின்மேற் செல்லும் பேராசை தியே என்றும் சீன உரையாசிரியர் பகுத்துரைப்பர். கி.மு. நான்காம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் சோசுவான் என்னும் வரலாற்றுநூல் இப்பெயரை ஒரு விலங்கிற்கு உரியதாகக் கூறவில்லை. ஒரு மனிதனுக்கு உரியதாகவே கூறுகின்றது. சின்யூன் என்னும் குடியிற் பிறந்த தீய மகனொருவன் ஊணிலும் மதுவிலும் அளவிறந்த வேட்கையுடையவனாய், பொருளைக் குவித்தலன்றிப் பகிர்தலறியாதவனாய், ஆதரவற்றோர்க்கும் வறியோர்க்கும் இரங்காதவனாய் இருந்தமையின், மக்கள் அவனைத் தாவ்தியே என்றனர் என்பது அந்நூற் செய்தி. ஷூன் என்னும் நல்லரசன் அவனையும் அவனையொத்த வேறு மூவரையும் நாட்டின் நான்கெல்லைகட்குத் துரத்தி, ஆண்டுள்ள பேய்களைத் தடுக்கும் காவலராக நிறுத்தினான் என்றும் அந்நூல் கூறும்.

இக்கதையில் இரண்டு செய்திகள் உளங்கொளற்பாலன. ஒன்று, மிகுதியாக உண்டமை மாத்திரம் அவன் குற்றமன்று. பகிராமையும் இரங்காமையுமே அக்குற்றத்தின் முடிவாக வைக்கப்பட்டன. மற்றொன்று, அரசன் அவனைக் கொல்லவில்லை. அவனுக்குரிய இடத்தைக் காட்டி ஒரு தொழிலில் நிறுத்தினான்.

இதற்குப் பின்னர், கி.மு. மூன்றாம் நூற்றாண்டில், லூ பூவேய் என்னும் அமைச்சர் அறிஞர் பலரைக்கொண்டு தொகுப்பித்த நூலில் தாவ்தியே விலங்குருவாய்த் தோன்றுகின்றது. சௌ மரபினர் காலத்து வெண்கலக் கலங்களில் இவ்வுருவம் பொறிக்கப்பட்டதென்றும், அதற்குத் தலையுண்டு உடலில்லையென்றும், மனிதனைக் கவ்வி விழுங்கு முன்னரே கேடு அதன் உடலையே சென்றடைந்ததென்றும், செய்த தீமை செய்தாரையே சாரும் என்பதை அறிவுறுத்தற்கே இஃது அமைந்ததென்றும் அந்நூல் கருதுகின்றது. வினை தன்னைச் செய்தானைத் தொடர்ந்து பற்றும் என்னும் உண்மையைச் சீனத்துச் சான்றோர் ஒரு சமையற்கலத்தின் புறத்தே எழுதிவைத்ததாகக் கண்டனர். இதனினும் செறிந்த உவமை ஒன்று கிடைத்தல் அரிது.

இனிக் கலையை நோக்குவாம். கி.மு. 1600 முதல் கி.மு. 1046 அளவும் ஆண்ட ஷாங் மரபினர், தம் முன்னோர்க்கு ஊனும் மதுவும் படைத்தற்பொருட்டு வெண்கலக் கலங்கள் வார்ப்பித்தனர். அவற்றின் புறத்தே நடுவில் ஒரு முகடும், அதன் இருமருங்கும் உருண்டு புடைத்த கண்களும், வளைந்த கொம்புகளும், அகன்ற மூக்கும் உடைய முகமொன்று காணப்படும். பெரும்பாலும் கீழ்த்தாடை இராது. கூர்ந்து நோக்கின், பக்கவாட்டில் நின்று ஒன்றையொன்று எதிர்நோக்கும் இரண்டு நாகவிலங்குகள் கூடியே அம்முகம் ஆயிற்று என்பதும், சில கலங்களில் மெல்லிய உடல் இருபுறமும் நீண்டு செல்லுகின்றது என்பதும் புலனாம். ஆதலின், உடலில்லையென்ற நூற்கூற்று எல்லாக் கலங்கட்கும் பொருந்துவதன்று.

ஷாங் அரசர்தம் இறுதித் தலைநகராகிய ஆன்யாங் நகரில் 1928-ஆம் ஆண்டு முதல் நிகழ்ந்த அகழ்வாராய்ச்சிகள் இக்கலையின் பெருமையை உலகறியச் செய்தன. 1939-இல் ஆண்டுக் கிடைத்த நாற்கால் வெண்கலக்கலம் ஒன்று 832 கிலோவிற்கு மேற்பட்ட நிறையுடையது. அரசகுலத்துத் தாயொருத்தியின் பொருட்டு அஃது ஆக்கப்பெற்றது என்பதை அதன்கட் பொறித்த எழுத்துக்கள் அறிவிக்கின்றன. அதன் கைப்பிடிகளில் இரண்டு புலிகள் வாய்திறந்து நிற்க, இடையே ஒரு மனிதத்தலை காணப்படுகின்றது. தாய்க்குப் படைக்கும் உணவுக்கலத்தில் விழுங்கும் வாயை ஏன் வைத்தனர் என்னும் வினா காண்பார் உள்ளத்தில் எழாதிராது.

ஷாங் காலத்தார் விட்டுச்சென்ற எழுத்துக்களில் இம்முகத்தின் பெயரோ பொருளோ கூறப்படவில்லை. கலங்களை வார்த்தவர்க்கும் லூ பூவேய்க்கும் இடையே எண்ணூறு ஆண்டுகட்கு மேற்பட்ட இடையீடு உண்டு. சுங் மரபினர் காலத்தில், கி.பி. 1092-இல், லூ தாலின் என்னும் அறிஞர் பழங்கலங்களைப் படமெழுதி விளக்கிய நூலிலேயே, இம்முகத்திற்குத் தாவ்தியே என்னும் பெயர் இட்டு வழங்கப்பட்டது. இக்காலத்துச் சீன ஆராய்ச்சியாளர் பலர் அப்பெயரை விடுத்து ‘விலங்குமுக அணி’ என்றே எழுதுகின்றனர். மாக்ஸ் லோயர் என்னும் கலைவரலாற்றறிஞர், வெறுங்கோடுகளினின்றும் படிப்படியாய் வளர்ந்த அணியே இஃது எனவும், இதற்குத் திட்டமான சமயப்பொருள் இல்லை எனவும் கருதினார். கே.சி. சாங் என்னும் அறிஞரோ, 1983-இல் வெளிவந்த தம் நூலில், மக்களுலகிற்கும் முன்னோருலகிற்கும் இடையே தூது செல்லும் விலங்குகளே இவையென வாதித்தார். இருவரும் ஒரே கலங்களைக் கண்டே மாறுபட்டனர். உருவம் ஒன்றாயினும் பொருள் ஒன்றென்று துணிதற்கு உருவம் மாத்திரம் போதாது என்பது இதனாற் பெறப்படும். இதனை மறவாது மேற்செல்வாம்.

பிற்காலத்தில் இவ்விலங்கின் அச்சம் குறைந்து, விளையாட்டு மிகுந்தது. மிங் மரபினர் காலத்தார் நாகத்தின் புதல்வர் ஒன்பதின்மருள் ஒருவனாக இதனை எண்ணினர். சுங் காலத்துப் பெரும்புலவராகிய சூ ஷி, சுவையுணவில் ஈடுபட்ட தம்மையே முதிய தாவ் என நகையாடி ஒரு பாட்டியற்றினார். அச்சொல் சுவையறிந்துண்போனைக் குறிக்கும் பெயராய் இன்றும் சீனத்தில் வழங்குகின்றது. இக்காலச் சீனமொழியில் தாவ்தியே விருந்து என்றால், குறைவற நிறைந்த பெருவிருந்து என்பதே பொருள். இன்னிசைக்கும் கலைக்காட்சிக்குங்கூட அச்சொல்லைப் புகழ்ச்சியாகவே வழங்குகின்றனர். ஏழைக்கு இரங்காதானை இகழ்ந்து கூறிய பெயர் விருந்தின் விளம்பரச் சொல்லாயிற்று. சூ ஷி தம்மைத் தாமே நகைத்தது அடக்கத்தின் பாற்படும். விளம்பரக்காரர் அதனைப் புகழாக்கியது மறதியின் பாற்படும்.

2016-ஆம் ஆண்டில் ஜாங் யீமோ என்னும் சீன இயக்குநர் பெருஞ்சுவரைப் பெயராகக் கொண்ட திரைப்படம் ஒன்றினை ஆக்கினார். மாட் டேமன் என்னும் அமெரிக்க நடிகர் அதில் தலைமை வேடம் பூண்டார். பேராசையுடைய அரசன் ஒருவன் காலத்தில், பேராசையின் விளைவை மக்கட்கு நினைவூட்டற்பொருட்டு வானத்தால் விடுக்கப்பட்டவை தாவ்தியே விலங்குகள் என்றும், அவை அறுபதாண்டுகட்கு ஒருமுறை திரண்டு வந்து சுவரைத் தாக்கும் என்றும் கதை அமைக்கப்பட்டுள்ளது. காந்தக்கல்லின் அண்மையில் அவை செயலொழியும்; அவற்றின் அரசியைக் கொன்றால் ஏனையவும் வீழும். போர்க்காட்சிகளின் பரப்பும், வீரர் அணியணியாய் உடுத்த வண்ணங்களின் அழகும் கண்ணைக் கவர்வன. வெண்கலத்து முகக்கோடுகளை விலங்கின் நெற்றியில் அமைத்தமை, ஆக்கியோர் பழங்கலையைக் கருதிப் பார்த்தனர் என்பதற்குச் சான்று. இவையெல்லாம் பாராட்டற்குரியன.

ஆயின், அடிப்படையில் ஒரு குறை உண்டு. சோசுவான் கூறிய தாவ்தியே உயர்குடியிற் பிறந்த மகன், வீட்டினுள்ளே வளர்ந்தவன். லூ பூவேயின் நூல் கூறிய தாவ்தியே தன் கேட்டைத் தானே அடைவது. படத்தின் தாவ்தியேயோ சுவருக்குப் புறத்தே நிற்கும் பகை. சுவரை உயர்த்துக, அம்பை எய்க, அரசியைக் கொல்க; பேராசை ஒழிந்தது என்பதே கதையின் முடிவு. பேராசை புறப்பகையாயின் அங்ஙனம் ஒழிதல் கூடும். அகத்தே கிடக்கும் மலத்தின் காரியமாயின் எந்தச் சுவர் அதனைத் தடுக்கும்? வியப்பு யாதெனில், இதற்கு விடை அப்படத்தினுள்ளேயே கிடக்கின்றது. வெடிமருந்தைக் கவர்ந்து செல்வம் ஈட்டுதற்கே சீனம் புக்க அந்நியன், இறுதியில் அதனைக் கொள்கின்றாயோ, சிறைப்பட்ட தோழனைக் கொள்கின்றாயோ என்று வினவப்பட்டபோது, மருந்தை விடுத்துத் தோழனை மீட்கின்றான். உண்மையாகத் தாவ்தியே மாய்ந்தது ஆங்கேயாம். ஆயின், இயக்குநர் அதனை ஒரு சிறு நகைக்காட்சியாகக் கடந்து போயினர். அரசி வெடித்து மாளுதற்கு இடியும் புகையும் அளித்தவர், ஒருவன் நெஞ்சில் அவா மாய்ந்ததற்கு ஒரு கணமும் அளித்திலர்.

இனிக் கீர்த்திமுகத்தின் வரலாறு காண்பாம். சிவமகாபுராணத்து உருத்திர சங்கிதையில் யுத்தகாண்டம் இதனைக் கூறும். சலந்தரன் செருக்குற்று, உமையம்மையைத் தனக்குத் தருமாறு கேட்டு இராகுவைத் தூதுவிடுத்தான். அவன் அச்சொற்களைக் கூறிய அளவில் பெருமானுடைய புருவநடுவினின்றும் சிங்கமுகமுடைய கொடிய உருவொன்று தோன்றி இராகுவை விழுங்கப் பாய்ந்தது. இராகு பெருமானையே அடைக்கலம் புகுந்தான். தூதன் கொலைக்குரியனல்லன் ஆதலின், அவனை விடுகவெனப் பெருமான் பணித்தருளினார். ‘பசி வருத்துகின்றது, யான் உண்பது யாது?’ என அவ்வுரு விண்ணப்பித்தது. ‘நின் உடம்பையே உண்க’ என்பது ஆணை. கைகால் முதலாக முழுவுடலையும் உண்டு, முகமொன்றே எஞ்ச நின்றது. பெருமான் மகிழ்ந்து, கீர்த்திமுகம் எனப் பெயரளித்து, வாயிலில் நிலையாக இருக்க அருளி, அதனை வழிபடாதார் வழிபாடு பயனற்றதாமென்றும் விதித்தருளினார்.

இவ்விரு வடிவும் ஒன்றெனவும், நம்மிடமிருந்தே சீனர் கொண்டனர் எனவும் கூறுவார் காலத்தை நோக்கிற்றிலர். ஷாங் வெண்கல முகங்கள் கிறித்துவிற்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகள் முற்பட்டவை. நம் நாட்டில் கீர்த்திமுகம் கல்லில் முழுவடிவெய்தியது குப்தர் காலத்தை அடுத்து. ஆதலின் நம்மிடமிருந்து சென்றது என்றல் பொருந்தாது. சீனத்திலிருந்து வந்தது என்றற்கும் வடிவொப்புமை ஒன்றனையன்றி வேறு சான்று காட்டுவாரில்லை. உலகத்து நல்லனவெல்லாம் எம்முடையனவே என்று விழுங்க முற்படுதலும் தாவ்தியேயின் செயலேயாம். சைவத்தின் பெருமை அத்தகைய ஊணால் வளர்வதன்று.

வடிவு ஒத்திருப்பினும் பொருளில் இரண்டும் எதிரெதிர் முகமாய் நிற்பன. தாவ்தியே பிறரை விழுங்கப் புக்குத் தன்னை இழந்தது. கீர்த்திமுகம் பிறனை விடுத்து ஆணைவழி நின்று தன்னைத் துறந்தது. முன்னது வினைப்பயன், பின்னது அருட்செயல். உயிர் சார்ந்ததன் வண்ணமாம் என்பது நம் சித்தாந்தத்தின் துணிபு. உணவைச் சார்ந்த உயிர் வாய் மாத்திரமாய் எஞ்சிற்று. இறைவன் ஆணையைச் சார்ந்த உருவும் முகமாத்திரமாய் எஞ்சிற்று. ஆயின், அதன் பெயர் கீர்த்தியாயிற்று. எஞ்சியது ஒன்றுபோற் காணப்படினும் சார்பு வேறு. சார்பு வேறாகவே பயனும் வேறு.

மேலும், பெருமான் அவ்வுருவின் பசியை அழித்தாரில்லை. அதனை அதன்பாலே திருப்பினார். வினை நுகர்ந்தே கழிதற்குரியது ஆதலின், நுகர்ச்சி தானே குற்றமன்று. ‘யான் உண்பேன், எனதாக உண்பேன்’ என்னும் முனைப்பே குற்றம். ஷூன் அரசனும் தீயமகனைக் கொல்லாது எல்லைக்காவலில் நிறுத்தினான் என்று மேலே கண்டோம். அவன் செய்தது அரசநீதி. தீயோனுக்கு அவன் ஓரிடம் அளித்தான், உள்ளமாற்றம் அளிக்கவில்லை. பெருமான் செய்தது திருவருள். உண்ணும் முனைப்பே உண்ணப்பட்டொழிந்தது. இவ்வேற்றுமையை உணராது, இரண்டும் வாயிற்காவல் என்றும் இரண்டும் உடலற்ற முகம் என்றும் ஒன்றுபடுத்துவார், கலையின் புறத்தோலை உண்டு பொருளைக் கைவிட்டவராவர்.

ஆதலின், சீனத்துச் சான்றோர் தம் கலத்தின்மேற் கண்ட பாடத்தை அவர்க்குரியதாகவே வைத்து மதிப்போமாக. உண்ணும் கலத்தைக் கையிலெடுக்கும்போதே விழுங்கும் வாயைக் கண்டு அஞ்சுக என்று அது கூறுகின்றது. நம் கோயில் வாயிலில் உள்ள முகம் அதற்கு மேலும் ஒன்று கூறுகின்றது: அஞ்சி நின்றுவிடாதே, அவ்வாயை நின் முனைப்பின்மேல் திருப்பி உள்ளே வருக. அடுத்தமுறை திருவாசியின் உச்சியை நோக்கும் அன்பர் அதனை அணியென்று மாத்திரம் எண்ணிக் கடவாது, அன்றைக்குத் தாம் யாருக்குப் பகிர்ந்து உண்டோம் என ஒருகால் நினைந்து புகுவாராயின், அம்முகம் ஆண்டு வைக்கப்பட்டதன் பயன் நிறைவேறியதாம்.

சிவம்.