கேட்டால் சொல்லும் எடிட்டர்

விம் எடிட்டரில் ஒரு கோப்பு மட்டும் நம் பேச்சைக் கேட்காமல், டேப் விசைக்கு நான்கு இடம் நகர வேண்டியதை எட்டு இடம் தாவும். அதன் காரணத்தைத் தேடுவது தனிச் சுகம். கோப்பின் முதல் 5 வரிகளிலோ கடைசி 5 வரிகளிலோ ‘மோட்லைன்’ என்ற அமைப்புக் குறிப்பு இருக்கலாம். நம் அமைப்புக் கோப்பான விம்ஆர்சிக்குப் பிறகு படிக்கப்படுவதால், இந்தக் கோப்பில் அது சொல்வதே செல்லும்.

டேப் அகலத்தைப் பற்றி ‘வெர்போஸ் செட் டேப்ஸ்டாப்?’ என்று தட்டினால், மதிப்போடு அதைக் கடைசியாக மாற்றியது எது என்றும் விம் சொல்லிவிடும்: மோட்லைனா, பிளகினா, நம் விம்ஆர்சியேதானா என்று. விசைகளின் மெல்லிய சடசடப்பில் ஒவ்வொரு சந்தேகமாக விலக, கலைந்து கிடந்த வரிகள் ஓரம் பிசகாமல் அணிவகுக்கும்போது கண்ணுக்கு அப்படியொரு நிறைவு. ஒளிக்காமல் பதில் சொல்லும் கருவி இது. ஊகிக்காதீர்கள், கேளுங்கள்.